தூங்கிய சூனியக்காரியை எழுப்பியவர்கள்!

உங்கள் வீட்டுப் பரணில் என்னென்ன கிடக்கிறது? பாடாத ரேடியோ, ஓடாத கடிகாரம், பட்டன் தேய்ந்த செல்போன், தூசி படிந்த கம்ப்யூட்டர் மானிட்டர்... "எல்லாவற்றையும் காயலான் கடையில் போட வேண்டியதுதான்" என்று அம்மா அலுத்துக்கொள்வார். அவர் சொல்வதும் நியாயம்தான். வீடு என்ன மியூசியமா?

ஆனால், "கொஞ்சம் பொறுங்கள். அதைத் தூக்கிப் போடாதீர்கள். ஓட வைத்துக் காட்டுகிறோம்!" என்று சொல்லும் மனிதர்களும் இருக்கிறார்கள். அவர்கள் தேடித் தேடிக் காப்பாற்றுவது பழைய கம்ப்யூட்டர்களை! எவ்வளவு பழையது? உங்கள் தாத்தா குழந்தையாக இருந்தபோது செய்தவை. ஒரு அறையையே அடைத்துக்கொள்ளும் அளவுக்குப் பெரியவை. வாருங்கள், அவர்களைப் பார்த்துவிட்டு வருவோம்.

பழைய கம்ப்யூட்டருக்கு ஒரு சங்கம்

1989-ஆம் ஆண்டு. இங்கிலாந்தில் உள்ள பிரிட்டிஷ் கம்ப்யூட்டர் சொசைட்டியும், லண்டன் அறிவியல் அருங்காட்சியகமும் சேர்ந்து ஒரு சங்கத்தைத் தொடங்கின. அதன் பெயர் கம்ப்யூட்டர் கன்சர்வேஷன் சொசைட்டி. தமிழில் சொன்னால், கம்ப்யூட்டர் பாதுகாப்புச் சங்கம்.

இதில் யார் யார் இருக்கிறார்கள்? வேலையிலிருந்து ஓய்வு பெற்ற இன்ஜினீயர்கள், புரோகிராம் எழுதியவர்கள், பழைய மெஷின்கள் மீது ஆசை கொண்டவர்கள். ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு குழு அமைத்துக்கொண்டு பழுது பார்ப்பார்கள். லண்டனிலும் மான்செஸ்டரிலும் கூட்டம் போட்டு, அந்தக் கால அனுபவங்களைப் பேசுவார்கள். சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு பத்திரிகையும் உண்டு. அதன் பெயர் 'ரெசரக்‌ஷன்'. அதாவது, மீண்டும் உயிர் பெறுதல்!

அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் வைத்தால் போதாதா, எதற்கு ஓட வைக்க வேண்டும் என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. ஒரு நாதஸ்வரத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தால் அது எப்படி ஒலிக்கும் என்று தெரியுமா? யாராவது ஊதினால்தானே தெரியும்! கம்ப்யூட்டரும் அப்படித்தான். ஓடினால்தான் அது கம்ப்யூட்டர். ஓடாவிட்டால் வெறும் இரும்பு அலமாரி.

இன்னொரு காரணமும் உண்டு. எந்த சுவிட்சை முதலில் போட வேண்டும், எந்தச் சத்தம் கேட்டால் ஆபத்து என்பதெல்லாம் புத்தகத்தில் இருக்காது. அதை ஓட்டியவர்களின் மண்டைக்குள்தான் இருக்கும். அவர்களுக்கோ வயதாகிக்கொண்டே போகிறது. அவர்கள் இருக்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளாவிட்டால், அப்புறம் யாரைக் கேட்பது?

சூனியக்காரியின் கதை

இந்தச் சங்கத்தார் எழுப்பிய ஒரு மெஷினின் கதையைக் கேளுங்கள். இங்கிலாந்தில் ஹார்வெல் என்ற ஊரில் அணு ஆராய்ச்சி நிலையம் இருந்தது. அங்கே கூட்டல், பெருக்கல் எல்லாம் செய்ய இளைஞர்கள் பலர் மேசைக் கால்குலேட்டர்களோடு உட்கார்ந்திருப்பார்கள். கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் கணக்குப் போட வேண்டும். நாள் முழுக்க அதே வேலை! அலுப்பு வந்தால் கணக்கு தப்பாகாதா?

1949-ல் மூன்று பேர் இதற்கு ஒரு மெஷினை வடிவமைக்கத் தொடங்கினார்கள். டெட் குக்-யார்பரோ, டிக் பார்ன்ஸ், கர்னி தாமஸ் என்பது அவர்கள் பெயர்கள். 1951-ல் மெஷின் வேலைக்கு வந்துவிட்டது. அதன் எடை இரண்டரை டன். ஒரு சின்ன யானையின் எடை என்று வைத்துக்கொள்ளுங்கள்!

இதற்குள் 828 டெக்கட்ரான் குழாய்கள் இருந்தன. டெக்கட்ரான் என்பது வாயு நிரப்பிய ஒரு கண்ணாடிக் குழாய். அதன் தலையில் வட்டமாகப் பத்து இடங்கள். ஏதாவது ஓர் இடத்தில் மட்டும் ஒரு புள்ளி ஒளிரும். அந்தப் புள்ளி நிற்கும் இடம்தான் எண். மூன்றாவது இடத்தில் நின்றால் 3, ஏழாவது இடத்தில் நின்றால் 7. நம் கம்ப்யூட்டர்கள் 0, 1 என்று இரண்டே எண்களை வைத்து வேலை செய்யும். இது நம்மைப் போலவே 0 முதல் 9 வரை எண்ணும். கணக்கு நடக்கும்போது ஒளிப் புள்ளிகள் சுற்றிச் சுற்றி ஓடும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளில் இருந்ததைப் போன்ற ரிலே சுவிட்சுகள் 'டக்... டக்...' என்று தாளம் போடும். காகித நாடாவில் துளை போட்டு, அதில்தான் கட்டளைகளைக் கொடுத்தார்கள்.

ஆமை ஜெயித்த பந்தயம்

சரி, இதன் வேகம் என்ன? சிரிக்காதீர்கள். ஒரே ஒரு பெருக்கலுக்கு 5 முதல் 10 வினாடி ஆகும்! அது அணுநிலையத்துக்கு வந்த புதிதில் ஒரு பந்தயம் நடந்தது. பார்ட் ஃபாஸி என்ற கணிதக்காரர் ஒரு மேசைக் கால்குலேட்டரை எடுத்துக்கொண்டு மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேருக்கும் ஒரே கணக்கு. மெஷினுக்குச் சமமாகவே ஃபாஸியும் போட்டுக்கொண்டு வந்தார். அரை மணி நேரம் ஆனது. அவருக்குக் கை ஓய்ந்துவிட்டது, எழுந்துவிட்டார். மெஷின் மட்டும் 'டக்... டக்...' என்று போய்க்கொண்டே இருந்தது!

முயல் - ஆமை கதை ஞாபகம் வருகிறதா? இந்த ஆமைக்குக் களைப்பே கிடையாது. ஒரு தடவை கிறிஸ்துமஸ் - புத்தாண்டு விடுமுறை வந்தது. நீளமான காகித நாடாவை மாட்டிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். பத்து நாள் கழித்து வந்து பார்த்தால், யாரும் இல்லாத அறையில் அது கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது.

பரிசாகப் போன கம்ப்யூட்டர்

ஆறு வருடங்களில் புதிய வேகமான கம்ப்யூட்டர்கள் வந்துவிட்டன. பழையதை என்ன செய்வது? உடைத்துப் போடவில்லை. 1957-ல் ஒரு போட்டி வைத்தார்கள். "எங்களிடம் கொடுத்தால் இதை இப்படியெல்லாம் பயன்படுத்துவோம்" என்று எந்தக் கல்லூரி மிக நன்றாக எழுதிக் காட்டுகிறதோ, அதற்குத்தான் கம்ப்யூட்டர்! உல்வர்ஹாம்ப்டன் நகரத்துத் தொழில்நுட்பக் கல்லூரி ஜெயித்தது. அங்கேதான் அதற்கு 'விட்ச்' என்று பெயர் வைத்தார்கள். ஆங்கிலத்தில் 'கம்ப்யூட்டர் பாடம் சொல்லித்தர ஹார்வெல்லிலிருந்து வந்த உல்வர்ஹாம்ப்டன் கருவி' என்ற பொருளில் வரும் சொற்களின் முதல் எழுத்துகள் அவை. சேர்த்துப் படித்தால் சூனியக்காரி!

1973 வரை அந்தச் சூனியக்காரியிடம் மாணவர்கள் பாடம் படித்தார்கள். அந்த ஆண்டில், அதிக காலம் உழைத்த கம்ப்யூட்டர் என்று கின்னஸ் புத்தகத்திலும் இடம் கிடைத்தது. பிறகு பர்மிங்காம் நகர அறிவியல் அருங்காட்சியகத்துக்குப் போனது. 1997-ல் அந்த அருங்காட்சியகமே மூடப்பட்டது. மெஷினைப் பிரித்துக் கிடங்கில் போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு, மெல்ல மெல்ல எல்லோரும் அதை மறந்துபோனார்கள்.

ஒருவரைத் தவிர!

பர்மிங்காம் அருங்காட்சியகத்தில் அது இருந்தபோது ஒரு பையன் அதைப் பார்த்து அசந்துபோயிருந்தான். உங்கள் அண்ணன் வயதுதான் இருக்கும். அவன் பெயர் கெவின் மரல். வளர்ந்து பெரியவர் ஆனார், கம்ப்யூட்டர் பாதுகாப்பு வேலையில் இறங்கினார். 2008-ல், கிடங்கில் உள்ள பழைய சாமான்களின் போட்டோ ஒன்றை எதேச்சையாகப் பார்த்தார். மூலையில் ஒரு பலகை தெரிந்தது. சுவிட்சுகள் உள்ள கட்டுப்பாட்டுப் பலகை. 'அட, இது அந்த மெஷின் அல்லவா!' சின்ன வயதில் பார்த்தது அப்படியே மனத்தில் நின்றதால்தான் அவரால் கண்டுபிடிக்க முடிந்தது. வேறு யாராவது பார்த்திருந்தால், ஏதோ பழைய இரும்பு என்று போட்டோவைத் திருப்பி வைத்திருப்பார்கள்.

2009-ல், லண்டனுக்கு வடமேற்கே பிளெட்ச்லி பார்க்கில் உள்ள தேசியக் கம்ப்யூட்டர் அருங்காட்சியகத்துக்கு மெஷின் வந்தது. சங்கத்தின் தன்னார்வலர்கள் வேலையை ஆரம்பித்தார்கள். பழைய மெஷினை எடுத்த எடுப்பில் சுவிட்ச் போட்டுவிடக் கூடாது. அப்படிச் செய்தால் புகைதான் வரும்! தூசி துடைத்து, ஒயர் ஒயராகப் பார்த்து, ஒவ்வொரு ரிலேயையும் சுத்தம் செய்து, மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துச் சோதிக்க வேண்டும். பார்வையாளர்கள் வேடிக்கை பார்க்க, மூன்று வருடம் வேலை நடந்தது.

2012 நவம்பர் 20. சூனியக்காரி கண் விழித்தாள்! ஒளிப் புள்ளிகள் சுற்றின, ரிலேக்கள் தாளம் போட்டன. அதை வடிவமைத்த மூவரில் இருவர், 60 வருடம் கழித்து அதைப் பார்க்க வந்திருந்தார்கள். இன்னும் சில வருடம் தாமதித்திருந்தால்? மெஷின் எழுந்திருக்கலாம். அதைப் பெற்றவர்கள் பார்த்திருக்க முடியாது. அசல் பாகங்களோடு ஓடும் உலகின் மிகப் பழைய டிஜிட்டல் கம்ப்யூட்டர் இதுதான் என்கிறது அந்த அருங்காட்சியகம்.

உடைத்துவிட்டால் என்ன ஆகும்?

எல்லா மெஷினுக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் ரகசியச் செய்திகளை உடைக்க உதவியது கொலோசஸ் என்ற மெஷின். செய்தவர் தபால் துறை இன்ஜினீயர் டாமி ஃப்ளவர்ஸ். போர் முடிந்ததும், ரகசியம் வெளியே போகக் கூடாது என்று பெரும்பாலானவற்றைப் பிரித்துப் போட்டார்கள். வரைபடங்களை எரித்தார்கள். பிறகு டோனி சேல் என்பவர், 1993-ல் ஒரு குழுவைச் சேர்த்து அதைத் திரும்பச் செய்யக் கிளம்பினார். கையில் இருந்தவை சில போட்டோக்களும், சில துண்டு வரைபடங்களும், வயதான இன்ஜினீயர்களின் ஞாபகமும்தான். முடிக்க 14 வருடம் ஆனது!

மான்செஸ்டரில் 1948 ஜூன் 21 அன்று ஓடிய 'பேபி' என்ற கம்ப்யூட்டரும் அழிந்துபோனதுதான். தன் நினைவில் வைத்த புரோகிராமை ஓட்டிய முதல் மின்னணுக் கம்ப்யூட்டர் அது. அதன் நினைவாற்றல் 128 பைட். ஒரு எஸ்.எம்.எஸ். கூட அதில் அடங்காது! சங்கத்தார் அதைப் போலவே ஒன்றைச் செய்து, 50-வது பிறந்தநாளான 1998 ஜூன் 21 அன்று ஓட்டிக் காட்டினார்கள்.

பிளெட்ச்லி அருங்காட்சியகத்தில் பள்ளிக் குழந்தைகளுக்கும் ஒரு வகுப்பறை உண்டு. அங்கே வரிசையாக இருப்பவை 1981-ல் வந்த பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர்கள். தொடக்கூடாது என்ற பலகை கிடையாது. உட்கார்ந்து புரோகிராம் அடிக்கலாம்! நம் நாட்டில் 1984-ல் மத்திய அரசு தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தில் பள்ளிகளுக்கு வந்ததும் இதே வகைக் கம்ப்யூட்டர்தான். உங்கள் அப்பா, அம்மா, மாமா, அத்தை யாராவது பள்ளியில் இதைத் தொட்டிருக்கிறார்களா? கேட்டுப் பாருங்கள்.

செய்து பாருங்கள்: புளியங்கொட்டைக் கம்ப்யூட்டர்!

தேவை: இரண்டு காகிதத் தட்டுகள், இரண்டு புளியங்கொட்டைகள், ஒரு பேனா.

1. ஒவ்வொரு தட்டின் ஓரத்திலும் வட்டமாக 0 முதல் 9 வரை எழுதுங்கள். வலப்பக்கத் தட்டு ஒன்றாம் இடம். இடப்பக்கத் தட்டு பத்தாம் இடம். புளியங்கொட்டைதான் ஒளிப் புள்ளி.

2. இப்போது 27-ஐ வையுங்கள். இடது கொட்டை 2-லும், வலது கொட்டை 7-லும் இருக்க வேண்டும்.

3. இதோடு 35-ஐக் கூட்டுவோம். வலது கொட்டையை 5 கட்டம் நகர்த்துங்கள்: 8, 9, 0, 1, 2. ஒன்பதைத் தாண்டி 0-வுக்கு வந்ததல்லவா? அப்போது இடது கொட்டையை ஒரு கட்டம் தள்ளுங்கள். அது 3-க்கு வரும்.

4. அடுத்து இடது கொட்டையை 3 கட்டம் நகர்த்துங்கள். 6-க்கு வந்துவிடும். விடை 62!

சூனியக்காரி கூட்டுவதும் இப்படித்தான். அவளுக்குப் பெருக்கல் என்பது திரும்பத் திரும்பக் கூட்டுவது. இப்போது தெரிகிறதா, ஒரு பெருக்கலுக்கு ஏன் அத்தனை வினாடி என்று?

இன்னொரு வேலையும் இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உள்ள ஒரு பழைய பொருளை எடுத்துக்கொண்டு தாத்தா, பாட்டியிடம் போங்கள். டைப்ரைட்டர், கேசட் ரெக்கார்டர், தராசு, எதுவானாலும் சரி. "இதை எப்படிப் பயன்படுத்தினீர்கள்? பழுதானால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டு நோட்டில் எழுதி வையுங்கள். படமும் வரையுங்கள். ஒரு எச்சரிக்கை: மின்சாரத்தில் ஓடும் எதையும் நீங்களாகப் பிரிக்கக் கூடாது, பெரியவர்கள் கூட இருக்க வேண்டும்.

அந்த நோட்டைப் பத்திரமாக வையுங்கள் குட்டீஸ்! கெவின் மரலும் சின்ன வயதில் பார்த்ததை மறக்காமல் வைத்திருந்தவர்தானே?