சைக்கிள் தந்தது சர்க்கார். பாதை தருவது யார்?

லாரிகளுக்கு நடுவே படப்பை மாணவர்கள்

படப்பை,

காலை நேரம். வண்டலூர்-வாலாஜாபாத் ரோடு.

ஒரகடம் தொழிற்சாலைகளுக்குப் போகும் கன்டெய்னர் லாரி ஒரு பக்கம். தொழிலாளர்களை ஏற்றிய கம்பெனி பஸ் மறுபக்கம். நடுவிலே, முதுகில் பையோடு சைக்கிளில் ஒரு மாணவி!

அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பிளஸ்-1 படிக்கும் எல்லோருக்கும் 2005-06 முதல் தமிழக அரசு இலவச சைக்கிள் கொடுக்கிறது. புகை இல்லை, பெட்ரோல் செலவு இல்லை. ஆனால் ஓட்டுவதற்குப் பாதை?

பயந்துபோன பெற்றோர் சைக்கிளை வீட்டில் சாத்திவிட்டு, பிள்ளையை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டால் தப்பு சொல்ல முடியாது. ஆனால் பத்து சைக்கிள் வீட்டில் நின்றால், ரோட்டில் பத்து மோட்டார் சைக்கிள் கூடுதல். புகையும் கூடும், நெரிசலும் கூடும்.

யார் பொறுப்பு?

பெரிய ரோடு நெடுஞ்சாலைத் துறையின் கையில். அதில் ஊராட்சி தன் இஷ்டத்துக்கு ஒரு கோடுகூடப் போட முடியாது. ஆனால் ஊருக்குள் இருக்கும் தெருக்கள்?

1994-ம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது. ஊராட்சி ரோடுகளைப் பராமரிப்பதும் தெருவிளக்கு போடுவதும் கட்டாயக் கடமை. ரோட்டோரம் மரம் நடலாம், வண்டிப்பேட்டையும் அமைக்கலாம்.

மாட்டு வண்டிக்குப் பேட்டை வைக்கலாம் என்றால், பஸ் நிறுத்தத்தில் சைக்கிளுக்கு ஒரு கொட்டகை போடக் கூடாதா? சைக்கிளைப் பத்திரமாக விட்டுவிட்டு தாம்பரத்துக்கு பஸ் ஏறலாமே!

பள்ளிக்குப் போகும் உள் தெருக்களில் பள்ளத்தை மூடி, விளக்கு எரியவிட்டு, ஆக்கிரமிப்பை அகற்றினால் பாதி தூரமாவது லாரி பயம் இல்லாமல் போகலாம்.

பக்கத்திலேயே பாடம்

வண்டலூர் உயிரியல் பூங்காவில் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கிறது; பேட்டரி வண்டியும் ஓடுகிறது. குப்பை அள்ள பல ஊராட்சிகளுக்கு பேட்டரி வண்டி வந்துவிட்டது.

நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை சென்னை மாநகராட்சி 2014-லேயே வகுத்தது. 2019-ல் பாண்டி பஜாரில் நடைபாதை அகலமானது. கடைத்தெருவில் காருக்கு இடத்தைக் குறைத்து, காலுக்கு இடம் கொடுத்தார்கள்.

கிராம சபையில் கேளுங்கள்!

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு 6 நாள் கிராம சபை கூடுகிறது. வாக்காளர் யாரும் எழுந்து கேட்கலாம். உள் தெரு வேலைக்கு ஒரு தீர்மானம். பெரிய ரோட்டு ஓரத்தில் சைக்கிள் பாதை கேட்டு நெடுஞ்சாலைத் துறைக்கு ஒரு தீர்மானம். கூடுதல் பஸ் கேட்டு மாநகர் போக்குவரத்துக் கழகத்துக்கு ஒரு தீர்மானம். தீர்மானம் போட காலணா செலவில்லை.

சர்க்கார் கொடுத்த சைக்கிள் ஓடப் போகிறதா, திண்ணையில் துருப்பிடிக்கப் போகிறதா? பதில் அடுத்த கிராம சபையில் தெரியும்!