மணி பிளான்ட் இருக்க வேண்டிய இடம் மீன் தொட்டி!
டெங்கு அச்சம் நீங்க தலைநகர் வீடுகளுக்கு ஓர் எளிய வழி

புது தில்லி: பருவமழை தொடங்கிவிட்டால் தலைநகரில் மாநகராட்சியின் கொசு ஒழிப்பு ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று கதவைத் தட்டுவது ஆண்டுதோறும் நடைபெறும் வழக்கம். கையில் டார்ச் விளக்குடன் வரும் அவர்கள் முதலில் பார்ப்பது ஏர் கூலரின் அடித்தட்டை. அடுத்து மாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டி, பூந்தொட்டிகளின் அடியில் உள்ள தட்டு, பறவைகளுக்கு வைத்த நீர்க் கிண்ணம், குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டு ஆகியவற்றைச் சோதிக்கின்றனர். இந்த வரிசையில் தவறாமல் இடம்பெறும் மற்றொரு பொருள், வரவேற்பறை ஜன்னலில் கண்ணாடி பாட்டிலில் நீரூற்றி வளர்க்கப்படும் மணி பிளான்ட். அதில் கொசுப்புழு தென்பட்டால் வீட்டு உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுக்கவும், வழக்குத் தொடரவும் மாநகராட்சிக்கு அதிகாரம் உண்டு.

அழகுக்காகவும், செல்வம் பெருகும் என்ற நம்பிக்கையாலும் வளர்க்கப்படும் இக்கொடி இல்லாத அடுக்குமாடிக் குடியிருப்பு தில்லியில் அரிது. பசிபிக் பெருங்கடலில் பிரெஞ்சு பாலினீசியாவைச் சேர்ந்த மூரியா தீவே இதன் தாயகம். பக்கத்து வீட்டில் கேட்காமல் ஒடித்து வந்த கொடிதான் செழித்து வளரும் என்ற வேடிக்கையான நம்பிக்கை வட இந்தியாவிலும் உண்டு. மண் வேண்டாம், உரம் வேண்டாம், பாட்டில் நீரே போதும் என்பதால் இடவசதி குறைந்த மாநகர வீடுகளில் இது எளிதில் குடியேறிவிட்டது. ஆனால் அந்த பாட்டில் நீரே டெங்குவைப் பரப்பும் கொசுவுக்கும் தொட்டிலாகிவிடுகிறது என்பதுதான் சிக்கல்.

இது சிறிய விஷயமல்ல. 1996ஆம் ஆண்டு தில்லியைத் தாக்கிய டெங்கு, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பாதித்து, 400க்கும் அதிகமான உயிர்களைப் பறித்தது. 2015ஆம் ஆண்டில் மீண்டும் 15 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். மருத்துவமனைகளில் ஒரே படுக்கையில் இருவர், மூவர் படுத்திருந்த காட்சிகளைத் தலைநகர மக்கள் மறந்துவிடவில்லை.

பாட்டிலில் வளரும் கொசு

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசு, சாக்கடையை நாடுவதில்லை. வீட்டுக்குள்ளும் வீட்டைச் சுற்றியும் சிறு கலங்களில் தேங்கி நிற்கும் நல்ல நீரையே அது தேடுகிறது. பகல் நேரத்தில் கடிக்கும் இக்கொசு நெடுந்தொலைவு பறப்பதும் இல்லை. எனவே ஒரு வீட்டில் உற்பத்தியாகும் கொசு பெரும்பாலும் அந்த வீட்டாரையும் அண்டை வீட்டாரையுமே கடிக்கிறது.

முட்டையிலிருந்து கொசுவாகப் பறப்பதற்கு வெப்பமான பருவத்தில் ஏழு முதல் பத்து நாள்களே போதும். வாரம் ஒருமுறை நீரை மாற்றுங்கள் என்று சுகாதாரத் துறையினர் வலியுறுத்துவது இதனால்தான். 2019ஆம் ஆண்டு செப்டம்பரில் தில்லி அரசு தொடங்கிய இயக்கமும் இதையே அடிப்படையாகக் கொண்டிருந்தது. பத்து வாரங்களுக்கு ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்குப் பத்து நிமிடம் ஒதுக்கி, வீட்டில் தேங்கிய நீரை அகற்றுமாறு மக்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர்.

நீரை மாற்றினால் மட்டும் ஆபத்து விலகிவிடாது என்பதையும் கவனிக்க வேண்டும். ஏடிஸ் கொசு, முட்டைகளைப் பெரும்பாலும் நீர்மட்டத்தை ஒட்டிய கலத்தின் உட்சுவரில் ஒட்டவைக்கிறது. நீரைக் கொட்டினாலும் முட்டைகள் சுவரிலேயே தங்கிவிடும். ஈரமின்றிக் காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிர்ப்புடன் இருந்து, மீண்டும் நீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே பாட்டிலின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுவது அவசியம். குறுகிய கழுத்தும், வேர்கள் பின்னிக் கிடக்கும் வயிறும் கொண்ட பாட்டிலில் இது எளிதான வேலையல்ல. பெரும்பாலான வீடுகளில் இது நடப்பதும் இல்லை.

மீன் தொட்டியில் நடப்பது என்ன?

அதே கொடியின் வேரை மீன் தொட்டியின் நீரில் விட்டால் நிலைமை மாறிவிடுகிறது. கொசு முட்டையிட்டாலும், பொரிக்கும் புழுக்கள் மீன்களுக்கு இரையாகின்றன. கொசுப்புழுவை மீனைக் கொண்டு ஒழிக்கும் முறை நம் நாட்டுக்குப் புதிதும் அல்ல. தென் அமெரிக்காவைச் சேர்ந்த கப்பி மீன் 1910இலும், வட அமெரிக்காவைச் சேர்ந்த கம்பூசியா மீன் 1928இலும் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டன. இன்றும் கொசு ஒழிப்புத் திட்டத்தில் இவ்விரு மீன்களும் குளம், கிணறு, அலங்கார நீர்த்தொட்டி ஆகியவற்றில் விடப்படுகின்றன.

மீன் கொடிக்குச் செய்வது இந்த உதவி என்றால், கொடியும் மீனுக்குக் கைம்மாறு செய்கிறது. மீன்கள் தம் செவுள்கள் வழியே அமோனியாவை வெளியேற்றுகின்றன. மிச்சமாகும் தீனியும் கழிவும் அழுகுவதாலும் அமோனியா உண்டாகிறது. மிகச் சிறிய அளவிலேயே இது மீனுக்கு நஞ்சு. தொட்டியின் மணலிலும் வடிகட்டியிலும் வாழும் ஒருவகை பாக்டீரியா அமோனியாவை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. நைட்ரைட்டும் நஞ்சே. நைட்ரேட் அவ்வளவு கொடியதன்று. ஆனால் அது நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகும். நீரை மாற்றுவதுதான் அதைக் குறைக்க வழக்கமான வழி.

செடிக்கோ இந்த நைட்ரேட்தான் உரம். வயலில் யூரியாவாக இடப்படும் தழைச்சத்தும், தொட்டியில் மீன் வெளியேற்றும் கழிவும் இறுதியில் வேருக்குத் தருவது ஒரே சத்தைத்தான். அமோனியாவையும் வேர்கள் நேரடியாக உறிஞ்சிக்கொள்கின்றன. வெறும் குழாய் நீரில் ஆண்டுக்கணக்கில் சோர்ந்து நிற்கும் கொடி, மீன் தொட்டிக்கு மாறிய சில வாரங்களில் பெரிய இலைகளை விடுவதன் ரகசியம் இதுவே.

நீருக்குள் முழுதும் மூழ்கி வளரும் தாவரங்களைவிட இத்தகைய செடிகளுக்கு ஒரு கூடுதல் வசதியும் உண்டு. மூழ்கிய தாவரம் தனக்கு வேண்டிய கரியமில வாயுவை நீரிலிருந்தே பெற வேண்டும். அங்கே அது குறைவு. இலைகளைக் காற்றில் விரித்து, வேரை மட்டும் நீரில் விட்டிருக்கும் செடிக்கு அந்தப் பற்றாக்குறை இல்லை. எனவே அது வேகமாக வளர்கிறது. வளர்ச்சிக்கு ஏற்ப நைட்ரேட்டையும் கூடுதலாக இழுத்துக்கொள்கிறது. உணவு குறைவதால் தொட்டியில் பாசி படர்வதும் மட்டுப்படும்.

யமுனையிலும் இதே கணக்கு

அமோனியா என்ற சொல் தில்லிவாசிகளுக்குப் புதிதல்ல. யமுனை நீரில் அமோனியா அதிகரித்ததால் குடிநீர் விநியோகம் பாதிக்கப்படும் என்ற அறிவிப்பு, குறிப்பாகக் குளிர்காலத்தில், அடிக்கடி வெளியாகிறது. குடிநீரில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராமுக்கு மேல் அமோனியா இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். வஜீராபாத், சந்திராவல் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு வரும் ஆற்று நீரில் ஏறத்தாழ 1 மில்லிகிராம் வரை இருந்தால் சமாளிக்க முடிகிறது; அதைத் தாண்டினால் உற்பத்தியைக் குறைக்க வேண்டியதாகிறது. ஆற்றில் கலக்கும் சாக்கடையும் ஆலைக் கழிவும் யமுனைக்குச் செய்வதையே, அதிகமாகப் போடப்படும் தீனி சிறிய மீன் தொட்டிக்குச் செய்கிறது.

வேர்களைக் கொண்டு நீரைத் தூய்மையாக்கும் முறையும் பெரிய அளவில் நடைமுறையில் உள்ளது. புது தில்லி புசாவில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில், சம்பு முதலிய நீர்த்தாவரங்கள் வளரும் பாத்திகளின் வழியே கழிவுநீரைச் செலுத்திச் சுத்திகரிக்கும் நிலையம் 2012இல் அமைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 22 லட்சம் லிட்டர் கழிவுநீரைப் பாசனத்துக்கு ஏற்றதாக்கும் திறன் கொண்டது இது. ஹைதராபாத் நெக்னாம்பூர் ஏரியில் 2018இல் சுமார் 3,000 சதுர அடிப் பரப்பில் மிதவை அமைத்து, அதில் நடப்பட்ட செடிகளின் வேர்கள் ஏரி நீரில் தொங்குமாறு செய்யப்பட்டது. வரவேற்பறைத் தொட்டியின் விளிம்பில் தொங்கும் மணி பிளான்ட், இதே ஏற்பாட்டின் சிறு வடிவம்.

எந்தச் செடி, எந்த மீன்?

மணி பிளான்ட் மட்டுமன்றி சிங்கோனியம், பிலோடென்ட்ரான், பீஸ் லில்லி, லக்கி பேம்பூ ஆகியவையும் இம்முறைக்கு ஏற்றவை. பெயரில்தான் மூங்கிலே தவிர, லக்கி பேம்பூ உண்மையில் டிரசீனா இனத்தைச் சேர்ந்தது.

கொடியைக் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, வடியும் பால் நிற்கும்வரை கழுவி, இரண்டு மூன்று வாரம் தனி நீரில் வேர்விடச் செய்த பின்பு தொட்டிக்கு மாற்றுவது நல்லது. அந்த வாரங்களில் பாட்டிலின் வாயைப் பஞ்சால் அடைத்துவைக்க வேண்டும். மண்ணில் வளர்ந்த செடியாக இருந்தால் வேரில் ஒரு துகள் மண்ணோ உரமோ ஒட்டியிருக்கக் கூடாது. மண்ணில் வளர்ந்த வேர்கள் சில அழுகி, நீருக்கு ஏற்ற புதிய வேர்கள் தோன்றும். அழுகியவற்றை உடனே நீக்க வேண்டும். தண்டின் அடிப்பகுதியும் இலைகளும் நீர்மட்டத்துக்கு மேலே இருப்பது அவசியம். பூச்சிமருந்து தெளித்த செடி அறவே கூடாது.

மீன்களில் கப்பி, மோலி போன்ற சிறியவை ஏற்றவை. தங்கமீன் வேர்களைக் கடித்துக் குதறும் இயல்புடையது. கம்பூசியாவை வீட்டில் வளர்ப்பதும், ஆறு குளங்களில் கொண்டுபோய் விடுவதும் தவிர்க்கப்பட வேண்டும். உள்நாட்டுச் சிறு மீன்களையும் தவளைக் குஞ்சுகளையும் அது அழிக்கிறது.

அலங்காரக் கண்ணாடி ஜாடியில் ஒரு பீஸ் லில்லியை நிறுத்தி, அதனடியில் பைட்டர் மீன் ஒன்றை விட்டு, 'வேரைத் தின்று வாழும்' எனக் கூறி விற்கும் வழக்கம் உலகின் பல நகரங்களில் பரவியது. இது உண்மைக்குப் புறம்பானது. பைட்டர் மீன் பூச்சி, புழுக்களைத் தின்பது, வேரைத் தின்பதில்லை. மேலும், அது நீர்ப்பரப்புக்கு வந்து காற்றைச் சுவாசிக்க வேண்டிய மீன். வேர்கள் மேற்பரப்பை அடைத்துவிட்டால் மூச்சுத் திணறி இறக்கும்.

தலைநகரின் தட்பவெப்பம்

தில்லியில் மே, ஜூன் மாதங்களில் வெப்பநிலை 45 டிகிரியைத் தொடுகிறது. நீர் சூடேறும்போது அதில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறைகிறது. அமோனியாவின் நச்சுத்தன்மையோ கூடுகிறது. வேர்களும் ஆக்சிஜனைப் பயன்படுத்துவதால், காற்றுக் குமிழி எழுப்பும் பம்பை நிறுத்திவிடக் கூடாது. ஜனவரிக் குளிரில் செடியின் வளர்ச்சி ஏறத்தாழ நின்றுபோகும். நைட்ரேட்டை அது உறிஞ்சுவதும் குறையும். அப்போது மீன்களுக்கு ஹீட்டர் வேண்டும். தீனியையும் குறைக்க வேண்டும்.

குழாய் நீரில் கலக்கப்படும் குளோரின் மீனுக்கும், நன்மை செய்யும் பாக்டீரியாவுக்கும் பகை. ஒருநாள் திறந்து வைத்தால் குளோரின் வெளியேறிவிடும். ஆனால் நீரிலுள்ள அமோனியாவுடன் சேர்ந்து அது குளோரமைனாக மாறியிருந்தால் அவ்வளவு எளிதில் நீங்காது. மீன் கடைகளில் கிடைக்கும் குளோரின் நீக்கி மருந்தைப் பயன்படுத்துவதே பாதுகாப்பானது.

செடி வைத்துவிட்டதால் வடிகட்டியே வேண்டாம், நீரையே மாற்ற வேண்டாம் என்று எண்ணுவது தவறு. செடி ஒரு துணை, அவ்வளவே. மீன் இறந்தபின் நீருடன் பால்கனியில் கைவிடப்படும் தொட்டி, பாட்டிலைவிடப் பெரிய கொசுப் பண்ணையாகிவிடும் என்பதையும் மறக்கலாகாது. மணி பிளான்ட்டின் இலையிலும் தண்டிலும் வாய், தொண்டையை உறுத்தும் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உள்ளதால், குழந்தைகளுக்கும் பூனைகளுக்கும் எட்டாத உயரத்தில் கொடி இருக்க வேண்டும்.

காற்றைச் சுத்தமாக்குமா?

புகைமூட்டம் சூழும் நவம்பர் மாதத்தில், காற்றைச் சுத்திகரிக்கும் செடிகள் என்ற விளம்பரத்துடன் மணி பிளான்ட் தில்லி நர்சரிகளில் விற்கப்படுகிறது. அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசா 1989இல் வெளியிட்ட ஆய்வே இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகிறது. அந்த ஆய்வு நடந்தது காற்றுப் புகாத சிறு அறைகளில். 2019இல் அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்தகைய பல ஆய்வுகளை ஒருங்கே பரிசீலித்தனர். சாதாரணக் கட்டடத்தில் காற்றோட்டம் செய்யும் அளவுக்கு வேதிப்பொருள்களைச் செடிகள் நீக்க வேண்டுமானால், ஒரு சதுர மீட்டர் தரைக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் வரை தேவைப்படும் என்று அவர்கள் கணக்கிட்டனர்.

வீட்டுச் செடியின் ஆற்றல் உண்மையில் இலையைவிட வேரில்தான் வெளிப்படுகிறது. அறைக் காற்றில் அது செய்யும் மாற்றம் அளவிட முடியாத அளவுக்குச் சிறியது. தொட்டி நீரில் அது செய்யும் மாற்றத்தையோ, மீன் கடையில் கிடைக்கும் நைட்ரேட் சோதனைக் கருவி கொண்டு எவரும் அளந்து பார்த்துவிடலாம்.

மீன் தொட்டி இல்லாத வீடுகளுக்கும் வழி உண்டு. கொடியை மண் தொட்டிக்கு மாற்றி, அடித்தட்டில் நீர் தேங்காமல் பார்த்துக்கொண்டாலே போதும். பாட்டில்தான் வேண்டுமென்றால் அதன் வாயைப் பஞ்சால் இறுக அடைத்து, வாரம் ஒருமுறை உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்கு நோயாளிகளின் எண்ணிக்கை தலைநகரில் உச்சத்தைத் தொடுவது செப்டம்பர், அக்டோபர் மாதங்களில். மாநகராட்சி ஊழியர் வந்து டார்ச் அடித்துப் பார்ப்பதற்கு முன்பே, ஜன்னலோர பாட்டிலை வீட்டார் ஒருமுறை பார்த்துவிடுவது அண்டை வீட்டாருக்கும் நல்லது.