சிவப்பு எழுத்தைக் கண்டு கணினியை மூடிவிடாதீர்கள்

பைத்தான் கற்கத் தொடங்கும் பிள்ளைகளைத் தடுக்கும் ‘லைப்ரரி’ பிழைகளும், அவற்றைச் சரிசெய்யும் முறையும்

 

தமிழ்நாடு பிளஸ் டூ கணினி அறிவியல் பாடத்தில் பைத்தான் இருக்கிறது. சி.பி.எஸ்.இ. பள்ளிகளிலும், கல்லூரியின் முதலாண்டிலும் இருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ், நம் வீட்டுப் பிள்ளைகள் பலரும் இன்று நிரல் எழுதக் கற்கிறார்கள். ஆனால் ஒரு குறிப்பிட்ட இடத்தில் பலர் நின்றுவிடுகிறார்கள். பாடத்தில் உள்ளதை எழுத்து பிசகாமல் தட்டச்சு செய்திருப்பார்கள். ஓடவிட்டால் திரை முழுவதும் சிவப்பு எழுத்து. கேட்பதற்கு வீட்டில் ஆள் இல்லை. ‘எனக்கு இது வராது போல’ என்று பிள்ளை முடிவு செய்துவிடுகிறது. கட்டிய கட்டணமும் போய், படிப்பின் மீதுள்ள ஆசையும் போய்விடுகிறது.

இந்தச் சிவப்பு எழுத்தில் பெரும்பகுதி ‘லைப்ரரி’ சம்பந்தப்பட்டது. அது பிள்ளையின் அறிவுக்குத் தரும் மதிப்பெண் அல்ல. தேவையான பொருள் தேடிய இடத்தில் இல்லை என்று கணினி தரும் தகவல். வழக்கமான காரணங்கள் ஐந்தே ஐந்துதான். அவற்றை வரிசையாகச் சரிபார்க்கத் தெரிந்தால் பெரும்பாலான நேரங்களில் பிள்ளைகளே தீர்த்துக்கொள்ள முடியும்.

(இக்கட்டுரையில் கட்டளைகளைப் படிக்க வசதியாகத் தமிழ் எழுத்தில் தந்துள்ளோம். கணினியில் ஆங்கிலத்தில்தான் தட்டச்சு செய்ய வேண்டும்.)

லைப்ரரி என்றால் என்ன?

வீட்டில் நிக்காஹ் என்றால் பிரியாணிக்குத் தேக்சா வேண்டும். அதற்காக நாம் பித்தளை வாங்கி அடிப்பதில்லை. பாத்திர வாடகைக் கடையில் எடுத்துக்கொள்கிறோம். நிரல் எழுதுவோரும் அப்படியே. வரைபடம் வரைவது, கணக்குப் பார்ப்பது, இணையத்திலிருந்து தகவல் எடுப்பது போன்ற வேலைகளை மற்றவர்கள் முன்பே எழுதிவைத்திருக்கிறார்கள். அந்தத் தொகுப்புதான் லைப்ரரி. ‘இம்போர்ட்’ என்ற சொல்லால் அதை நம் நிரலுக்குள் அழைக்கிறோம்.

சில லைப்ரரிகள் பைத்தானுடன் சேர்ந்தே வரும். ராண்டம், மேத், சிஎஸ்வி போன்றவை அவ்வகை. மற்றவற்றை ‘பிப்’ என்ற கருவி மூலம் இணையத்திலிருந்து இறக்க வேண்டும். பிளஸ் டூ பாடத்தில் வரைபடம் வரையப் பயன்படும் மேட்பிளாட்லிப் இந்த இரண்டாம் வகை. அதனால்தான் முந்தைய பாடங்கள் எல்லாம் ஓடிய கணினியில் வரைபடப் பாடம் மட்டும் ஓடாமல் நிற்கிறது.

முதலில் கடைசி வரியைப் படியுங்கள்

பிழை வந்ததும் பிள்ளைகள் மேலிருந்து படிக்கத் தொடங்கிக் குழம்பிவிடுகிறார்கள். பைத்தானின் பிழைச் செய்தியில் முக்கியமானது கடைசி வரி. என்ன பிழை என்பது அங்கேதான் இருக்கும். அதற்கு மேலுள்ள வரிகள், எந்தக் கோப்பின் எத்தனையாவது வரி எதை அழைத்தது என்ற தொடர்.

ஒரு செய்தியை யார் யாரிடமிருந்து கேட்டார் என்று அறிவிப்பாளர் தொடரை ஒவ்வொரு கண்ணியாகப் பார்க்கும் முறை நமக்குப் புதிதல்ல. புரிந்துகொள்வதற்காகச் சொல்கிறோம், இங்கும் அதே பொறுமைதான் தேவை. நம் நிரல் மேட்பிளாட்லிப்பை அழைக்கிறது. அது நம்பை என்ற இன்னொரு லைப்ரரியை அழைக்கிறது. எந்தக் கண்ணியில் தொடர் அறுந்தது என்று பாருங்கள். கடைசி வரியைப் படித்தபின் மெல்ல மேலே வந்து, உங்கள் கோப்பின் பெயர் உள்ள வரியைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து தொடங்குங்கள்.

கடைசி வரியில் பொதுவாக மூன்று பெயர்களில் ஒன்று இருக்கும்.

‘மாட்யூல் நாட் ஃபவுண்ட் எரர்’ என்றால் அந்த லைப்ரரியே கிடைக்கவில்லை.

‘இம்போர்ட் எரர்: கேனாட் இம்போர்ட் நேம்’ என்றால் லைப்ரரி கிடைத்தது, நீங்கள் கேட்ட பொருள் அதற்குள் இல்லை.

‘ஆட்ரிபியூட் எரர்’ என்றால் நீங்கள் புள்ளி வைத்து அழைத்த பெயர் அங்கே இல்லை. எழுத்துப் பிழை இல்லையென்றால், கீழே வரும் நான்காவது, ஐந்தாவது காரணங்களைப் பாருங்கள்.

ஐந்து காரணங்கள்

1. பொருளை இன்னும் எடுத்து வரவில்லை

லைப்ரரி நிறுவப்படவில்லை என்பதே முதல் சந்தேகம். ‘பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் மேட்பிளாட்லிப்’ என்று கட்டளை கொடுங்கள். இதை விண்டோஸின் கமாண்ட் பிராம்ப்டில் அல்லது டெர்மினலில் கொடுக்க வேண்டும். மூன்று அம்புக்குறிகள் தெரியும் பைத்தான் திரையில் கொடுத்தால் ‘சின்டாக்ஸ் எரர்’ என்று வேறொரு பிழை வரும். புதியவர்கள் இங்கே அடிக்கடி தடுமாறுகிறார்கள். இம்போர்ட் வரியில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடும் உண்டு. மேட்பிளாட்லிப்பின் முதல் எழுத்தைப் பெரிதாக எழுதினாலும் கிடைக்காது.

2. வேறு மண்டபத்தில் இறக்கிவிட்டார்கள்

நிறுவியாயிற்று, ‘சக்ஸஸ்ஃபுல்லி இன்ஸ்டால்டு’ என்றும் வந்தது. ஆனாலும் அதே பிழை. தொடக்க மாணவர்களை அதிகம் அழவைப்பது இதுதான். காரணம், ஒரே கணினியில் இரண்டு பைத்தான்கள் இருக்கலாம். பள்ளிக்காக ஒன்று, பயிற்சி வகுப்புக்காக இன்னொன்று என்று நிறுவியிருப்பார்கள். தேக்சா ஒரு மண்டபத்தில் இறங்கியது. சமையல் இன்னொரு மண்டபத்தில் நடக்கிறது.

இதைக் கண்டறிய, நிரலில் ‘இம்போர்ட் சிஸ்’ என்று எழுதி, ‘சிஸ்.எக்ஸிகியூட்டபிள்’ என்பதை பிரிண்ட் செய்யுங்கள். நிரலை ஓட்டும் பைத்தான் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று தெரியும். பிறகு டெர்மினலில் ‘பைத்தான் -எம் பிப் --வெர்ஷன்’ என்று கொடுங்கள். பிப் இருக்கும் இடம் தெரியும். இரண்டும் வெவ்வேறு பைத்தானைக் காட்டினால் காரணம் அகப்பட்டது. விஎஸ் கோடு பயன்படுத்துவோர், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்தி, ‘பைத்தான்: செலக்ட் இன்டர்பிரட்டர்’ என்பதில் சரியான பைத்தானைத் தேர்ந்தெடுக்கலாம். வெறும் ‘பிப் இன்ஸ்டால்’ என்பதற்குப் பதிலாக ‘பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால்’ என்று எழுதச் சொல்வதும் இதற்காகத்தான். எந்தப் பைத்தானை அழைக்கிறோமோ அதற்கே லைப்ரரி போய்ச் சேரும்.

3. கடையில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர்

சில லைப்ரரிகளை நிறுவும் பெயர் ஒன்று, நிரலில் அழைக்கும் பெயர் வேறு. ‘சிவி2’ என்று அழைப்பதை ‘ஓப்பன்சிவி-பைத்தான்’ என்று நிறுவ வேண்டும். ‘பிஐஎல்’ என்பதற்கு ‘பில்லோ’. ‘எஸ்கேலேர்ன்’ என்பதற்கு ‘சைக்கிட்-லேர்ன்’. ‘பிஎஸ்4’ என்பதற்கு ‘பியூட்டிஃபுல்சூப்4’. இம்போர்ட் வரியில் உள்ள பெயரை அப்படியே பிப்புக்குக் கொடுத்து ஏமாறாமல், அந்த லைப்ரரியின் அதிகாரபூர்வப் பக்கத்தில் நிறுவும் பெயரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. நம் கோப்பே வழியை மறிக்கிறது

சிஎஸ்வி பாடத்துக்கான நிரலை ‘சிஎஸ்வி’ என்ற பெயரிலேயே சேமிப்பது பிள்ளைகளுக்கு இயல்பாகத் தோன்றும். ஆனால் ‘இம்போர்ட் சிஎஸ்வி’ என்றதும் பைத்தான் முதலில் உங்கள் ஃபோல்டரில்தான் தேடும். உங்கள் கோப்பையே லைப்ரரி என்று எடுத்துக்கொள்ளும். ‘ரீடர் என்ற ஒன்று இதில் இல்லை’ என்று ஆட்ரிபியூட் எரர் தரும். ராண்டம், டர்ட்டில் ஆகியவற்றிலும் இதே கதை. கோப்பின் பெயரை ‘சிஎஸ்வி_பயிற்சி’ போல ஆங்கிலத்தில் மாற்றினால் போதும். 2024-இல் வந்த பைத்தான் 3.13 முதல் ‘பெயரை மாற்றிப் பாருங்கள்’ என்று செய்தியிலேயே குறிப்புத் தருகிறார்கள். இந்தத் தடுமாற்றம் உலகெங்கும் அவ்வளவு பொதுவானது.

5. பாடம் பழையது, லைப்ரரி புதியது

யூடியூபில் ஆசிரியர் செய்யும்போது ஓடுகிறது, நமக்கு ஓடவில்லை. காணொளியின் தேதியைப் பாருங்கள். பாண்டாஸ் என்ற லைப்ரரியில் அட்டவணையோடு வரிசை சேர்க்க ‘அப்பெண்ட்’ என்ற வசதி இருந்தது. 2023 ஏப்ரலில் வந்த 2.0 பதிப்பில் அதை நீக்கிவிட்டார்கள். இப்போது ‘கான்காட்’ பயன்படுத்த வேண்டும். பழைய காணொளியைப் பின்பற்றும் பிள்ளைக்கு இது எப்படித் தெரியும்? ‘பைத்தான் -எம் பிப் ஷோ பாண்டாஸ்’ என்று கொடுத்தால் உங்களிடமுள்ள பதிப்பு எண் தெரியும். அந்த எண்ணையும் பிழையின் கடைசி வரியையும் சேர்த்துத் தேடினால் பதில் விரைவில் கிடைக்கும்.

இதற்கு நேர்மாறானதும் நடக்கும். ஆண்டுதோறும் அக்டோபரில் புதிய பைத்தான் வருகிறது. எல்லா லைப்ரரிகளும் உடனே அதற்குத் தயாராகிவிடுவதில்லை. வந்த மாதமே அதை நிறுவியவருக்கு லைப்ரரி இறங்காமல் போகலாம். படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு பதிப்பு பின்தங்கியிருப்பதே நிம்மதி.

வீட்டிலேயே படிக்கும் பெண்பிள்ளைகளுக்கு

கணினி பழையது, அல்லது எதை நிறுவினாலும் சிக்கல் என்ற நிலை இருந்தால் கூகுள் கோலாப் நல்ல வழி. ஜிமெயில் கணக்கு இருந்தால் உலாவியிலேயே இலவசமாக நிரல் ஓட்டலாம். நம்பை, பாண்டாஸ், மேட்பிளாட்லிப் எல்லாம் அதில் ஏற்கெனவே இருக்கும். அவசரத்துக்குக் கைபேசியிலும் செய்யலாம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: கூடுதலாக நீங்கள் நிறுவும் லைப்ரரி அந்த அமர்வு முடிந்ததும் போய்விடும், எழுதிய நிரல் மட்டும் கூகுள் டிரைவில் இருக்கும். ‘நேற்று ஓடியது, இன்று ஓடவில்லை’ என்றால் மீண்டும் நிறுவினால் சரியாகிவிடும்.

நம்பிக்கையான இடத்திலிருந்து மட்டும்

பிப் லைப்ரரிகளை எடுக்கும் பொதுக் களஞ்சியத்தில் யார் வேண்டுமானாலும் பதிவேற்றலாம். பிரபலமான பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி, தீய நிரலை வைத்து, எழுத்துப்பிழை செய்பவர்களுக்காகக் காத்திருப்போர் உண்டு. செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கேட்டால், சில நேரம் இல்லாத லைப்ரரியின் பெயரையே உறுதியாகச் சொல்லும். அந்தப் பெயரில் யாராவது தீயதைப் பதிவேற்றியிருந்தால் நிலைமை மோசம். அத்தாவின் வங்கிக் கணக்கும் குடும்பப் புகைப்படங்களும் உள்ள அதே கணினியில்தான் பிள்ளை பயிற்சி செய்கிறது. அது ஓர் அமானிதம். பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்து, அதிகாரபூர்வப் பக்கம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே நிறுவுங்கள்.

கேட்பதும் ஒரு கலை

அஸருக்கு உட்கார்ந்து மஃரிப் வரை முயன்றும் தீரவில்லையா? தனியாகப் போராட வேண்டாம். ஆசிரியரிடமோ, ஜமாஅத்தில் இத்துறையில் வேலை செய்யும் சகோதர சகோதரிகளிடமோ கேளுங்கள். ‘சார், ஓடவில்லை’ என்று மட்டும் சொன்னால் அவர்களால் உதவ முடியாது. எந்தக் கணினி, பைத்தானின் எந்தப் பதிப்பு, என்ன கட்டளை கொடுத்தீர்கள், பிழைச் செய்தி முழுவதும் (புகைப்படமாக அல்ல, எழுத்தாக நகலெடுத்து), இதுவரை எதையெல்லாம் முயன்றீர்கள் ஆகிய ஐந்தையும் அனுப்புங்கள். கடவுச்சொல் இருந்தால் நீக்கிவிடுங்கள். இந்த ஐந்தையும் எழுதும்போதே பலருக்கு விடை தெரிந்துவிடும்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை

லைப்ரரி பிழை அனுபவசாலிகளையும் விடுவதில்லை. 2016 மார்ச்சில், ‘லெஃப்ட்-பேட்’ என்ற 11 வரி ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியை அதை எழுதியவர் பொதுக் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டார். அதை நம்பியிருந்த ஏராளமான மென்பொருள்களை உருவாக்கும் பணி உலகெங்கும் நின்றது; பேபல் போன்ற புகழ்பெற்ற கருவிகளும் அதில் சிக்கின. அன்று பெரிய நிறுவனங்களின் பொறியாளர்களும் நம் பிள்ளை பார்க்கும் அதே ‘கிடைக்கவில்லை’ செய்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே பிள்ளை திரையின் முன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் ‘உனக்கு எதுக்கு இந்த வேலை’ என்று சொல்லிவிடாதீர்கள். உங்களுக்குப் பைத்தான் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, ‘கடைசி வரியில் என்ன போட்டிருக்கு, வாசி பார்ப்போம்’ என்று கேளுங்கள். அந்தக் கேள்வியே பிள்ளையைச் சரியான இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும்.

இந்தப் பக்கத்தை வெட்டி, பிள்ளைகளின் மேசைக்கு மேல் ஒட்டிவையுங்கள். வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், அதைத் தேடும் வழியில் அழகிய பொறுமையையும் தந்தருள்வானாக. ஆமீன்.