நுண்ணிய மின்னழுத்தங்களை அளத்தல்: கருவியைத் தெரிவு செய்தலும் கையாளுதலும்

தக்காணத்தின் கடினப் பாறைப் பிரதேசங்களில் ஆழ்துளைக் கிணற்றுக்கு இடம் குறிக்கச் செல்லும் களப் பணியாளர், நிலத்தில் நான்கு முளைகளை ஒரே நேர்கோட்டில் நடுகிறார். வெளிப்புற முளைகள் இரண்டின் வழியாக நிலத்தினுள் மின்னோட்டம் செலுத்தப்படுகிறது; உட்புற முளைகள் இரண்டிற்கும் இடையே தோன்றும் மின்னழுத்த வேறுபாடு அளக்கப்படுகிறது. இவ்விரு அளவுகளிலிருந்து நிலத்தின் மின்தடை எண் கணக்கிடப்படுகிறது. பிரான்சில் கொன்ராட் ஷ்லம்பர்ஜர் 1912-ஆம் ஆண்டிலும், அமெரிக்காவில் பிராங்க் வென்னர் 1915-ஆம் ஆண்டிலும் தொடங்கி வைத்த முறைகளே இன்றும் நம் நாட்டில் வழங்கி வருகின்றன.

வெளி முளைகளின் இடைவெளி 400 மீட்டர், உள் முளைகளின் இடைவெளி 10 மீட்டர், செலுத்தும் மின்னோட்டம் 100 மில்லி ஆம்பியர், நிலத்தின் மின்தடை எண் 100 ஓம்-மீட்டர் என்று கொள்வோமாயின், அளக்க வேண்டிய மின்னழுத்தம் 0.8 மில்லி வோல்ட்டே ஆகும். கைவிளக்கில் இடும் உலர் மின்கலத்தின் 1.5 வோல்ட்டில் இது ஏறத்தாழ 1,900-இல் ஒரு பங்கு. ஆழத்தில் உள்ளதை அறிய விரும்புமளவுக்கு வெளி முளைகளை அகற்றி நட வேண்டும். அகற்ற அகற்ற மின்னழுத்தம் மேலும் குறுகும். கிணற்றின் செலவில் பெரும்பகுதி கடனாக வாங்கப்படுவது. தவறாக அளந்த அரை மில்லி வோல்ட் நீரற்ற துளையாகவும், தீராத கடனாகவும் முடியக்கூடும். ஆதலின் இத்தகைய சிறு மின்னழுத்தங்களை எக்கருவியால், எவ்வாறு அளப்பது என்பது சோதனைச் சாலைக்குள் அடங்கிவிடும் வினா அன்று.

கருவி வாங்கப் புகுவோர் முதலில் விலைப்பட்டியலில் காட்சி இலக்கங்களின் எண்ணிக்கையைப் பார்க்கின்றனர். உண்மையில் முதலில் பார்க்க வேண்டியது, அளக்கப்படும் பொருளின் மின்தடை. வறண்ட நிலத்தில் நட்ட முளைகளின் தொடுகைத் தடை 1,00,000 ஓம் வரை செல்லுவதுண்டு. அங்கே 10 மெகோம் உள்தடையுள்ள வோல்ட்மீட்டரை இணைத்தால் உண்மை அளவில் நூற்றில் ஒரு பங்கு குறையும். 1 மெகோம் கருவியானால் நூற்றுக்கு ஒன்பது குறையும். 1,000 ஓம் தடையுள்ள கால்வனாமீட்டரையே நேரடியாக இணைத்தால் நூற்றில் ஒரு பங்குதான் காட்டும். எஞ்சிய தொண்ணூற்றொன்பது பங்கும் முளைகளின் தொடுகையிலேயே வீழ்ந்துவிடும். கண்ணாடி மின்வாய் கொண்டு அமிலத்தன்மையை அளக்கும் கருவியில் இந்நிலை இன்னும் கடுமை. அம்மின்வாயின் தடை 100 மெகோம் என்னும் அளவினது. ஆகவேதான் சாதாரண வோல்ட்மீட்டர் அங்கே பயன்படுவதில்லை.

இதற்கு நேர் எதிரானது வெப்ப மின்னிரட்டை. தாமிரமும் கான்ஸ்டன்டனும் சேர்ந்த இரட்டையின் தடை சில ஓம்களே. அதன் மின்னழுத்தமோ உஷ்ணநிலை ஒரு பாகை உயர்வதற்குச் சுமார் 40 மைக்ரோ வோல்ட். இங்கு உள்தடை குறைந்த கால்வனாமீட்டர் தாராளமாகப் பணி செய்யும். ‘நுட்பமான கருவி’ என்று பொதுவாகச் சொல்லுவதில் பொருளில்லை. எப்பொருளுக்கு நுட்பமானது என்று கேட்க வேண்டும்.

நுட்பம் என்னும் சொல்லைப் பற்றியே ஒரு வார்த்தை. விலைப்பட்டியல்களை மொழிபெயர்ப்போர் அடிக்கடி இடறும் இடம் இது. மிகச் சிறிய மாறுதலையும் காட்டுவது நுட்பம். காட்டிய அளவு உண்மையோடு ஒத்திருப்பது செம்மை. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்துவிட்டால், பத்தில் ஒரு மைக்ரோ வோல்ட் வரை இலக்கம் காட்டும் கருவி அவ்வளவுக்கு நம்பத்தக்கது என்று படிப்பவர் எண்ணிவிடுவார். கடைசி இரண்டு இலக்கங்கள் ஓயாது துள்ளிக்கொண்டிருக்கும் கருவிகள் சந்தையில் குறைவில்லை.

மீண்டும் நிலத்திற்கு வருவோம். இரும்பு முளைகளை ஈரமண்ணில் நட்டவுடனே அவையே மின்கலம்போல் ஆகிவிடுகின்றன. இரு முளைகளுக்கிடையே, நாம் மின்னோட்டம் எதனையும் செலுத்தாமலே, பல பத்து மில்லி வோல்ட் தோன்றும். அதுவும் நிலையாக நில்லாமல் மெல்ல நகரும். நாம் தேடும் 0.8 மில்லி வோல்ட் அதனுள் மறைந்து கிடக்கிறது. இதற்கு மாற்று, மயில்துத்தக் குடுவைகள். மெருகிடாத மண்குடுவையில் மயில்துத்தத்தின் நிறைகரைசலை ஊற்றி, அதில் தாமிரக் கம்பியை நிறுத்தினால், மண்ணோடு தொடுகை கரைசல் வழியாகவே நிகழும். அடியில் கரையாத துத்தப் பளிங்குகள் எப்போதும் கிடக்க வேண்டும். அவை தீர்ந்துவிட்டால் கரைசல் நிறைந்ததா என்று அறிய வழியில்லை. வேலைக்குப் புறப்படுமுன் இரு குடுவைகளையும் ஒரே ஈரமண் தொட்டியில் வைத்துப் பாருங்கள். அவற்றினிடையே 1 அல்லது 2 மில்லி வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கரைசலை மாற்றிக் கம்பியைத் துலக்குவது நலம்.

களத்தில் பலரும் கருதாத ஒன்று வெயில். தாமிர-மயில்துத்த மின்வாயின் அழுத்தம் உஷ்ணநிலை ஒரு பாகை மாறும்போது சுமார் 0.9 மில்லி வோல்ட் மாறுகிறது. ஒரு குடுவை புளியமர நிழலிலும் மற்றொன்று வெயிலிலும் இருந்து, இரண்டிற்கும் பத்துப் பாகை வேறுபாடு ஏற்பட்டால் 9 மில்லி வோல்ட் பிழை தோன்றும். அது நாம் தேடும் அளவைப்போல் பத்து மடங்குக்கும் மேல். இரண்டையும் ஈரச்சாக்கால் மூடி வையுங்கள்.

இவ்வளவு செய்தும் எஞ்சும் அழுத்தத்தை நீக்கும் வழி, மின்னோட்டத்தின் திசையை மாற்றி மாற்றி அளப்பதாகும். சமமான இடைவேளைகளில் மூன்று அளவீடுகள் எடுப்பதாகக் கொள்வோம்: நேர்த்திசையில் 34.6, எதிர்த்திசையில் 33.4, மீண்டும் நேர்த்திசையில் 35.0 மில்லி வோல்ட். முதலும் மூன்றும் சராசரி 34.8. இதிலிருந்து 33.4-ஐக் கழித்துப் பாதியாக்கினால் 0.7 மில்லி வோல்ட். இதுவே மின்னோட்டத்தால் விளைந்தது. முளைகளின் சொந்த அழுத்தம் சீராக நகர்ந்துகொண்டிருந்தாலும் இம்முறையில் அது கழிந்துபோகிறது. மேற்கூறிய முளை அமைப்பில் இதற்குரிய மின்தடை எண் சுமார் 88 ஓம்-மீட்டர். முதலிரண்டு அளவீடுகளோடு நிறுத்தியிருந்தால் 0.6 மில்லி வோல்ட்டும் 75 ஓம்-மீட்டரும் கிடைத்திருக்கும். அதனினும் கேடு, தொடக்கத்தில் ஒருமுறை முள்ளைச் சுழியில் நிறுத்திவிட்டு ஒரே திசையில் அளந்துகொண்டே போவது. இடையில் 0.6 மில்லி வோல்ட் நகர்ந்திருந்தால் 0.7 என்பது 1.3 ஆகும்; 88 ஓம்-மீட்டர் 163 ஆகும். நீர் தேங்கக்கூடிய உக்கிய பாறை, காகிதத்தில் இறுகிய பாறையாகிவிடுகிறது.

மில்லி வோல்ட்டை விட்டு மைக்ரோ வோல்ட்டுக்கு இறங்கினால் பகைவர் வேறு. அங்கே ஒவ்வோர் இணைப்பும் ஒரு வெப்ப மின்னிரட்டையே. சுத்தமான தாமிரத்தைத் தாமிரத்தோடு அழுத்திப் பிணைத்தால் ஒரு பாகைக்கு 0.2 மைக்ரோ வோல்ட்டுக்கு மேல் தோன்றாது. காரீயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசுக்கும் தாமிரத்துக்கும் இடையே ஒரு பாகைக்கு 1 முதல் 3 மைக்ரோ வோல்ட். களிம்பேறிய தாமிரமோ ஒரு பாகைக்கு 1,000 மைக்ரோ வோல்ட் வரை தரக்கூடியது. உப்புத்தாளால் முனைகளைத் தேய்ப்பது எத்துணை மலிவான திருத்தம் என்பதை இவ்வெண்களே காட்டும். முனையைத் திருகி முறுக்கிய விரலின் சூடுகூட அளவீட்டில் தெரியும். ஆகவே இணைத்தபின் சில நிமிஷம் காத்திருந்து, காற்றாடியை நிறுத்தி, பெட்டியை மூடி அளக்க வேண்டும்.

கம்பிகள் அசைவதும் பிழை தரும். நூறு சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள கம்பி வளையம், 40 மைக்ரோ டெஸ்லா அளவினதான பூமியின் காந்தப் புலத்தில் பத்தில் ஒரு விநாடியில் கால்சுற்றுத் திரும்பினால் 4 மைக்ரோ வோல்ட் எழும். இரு கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டால் அப்பரப்பு ஏறத்தாழ மறைந்துவிடும். அருகில் பம்பு செட்டுக்குச் செல்லும் மின்கம்பி இருப்பின் விநாடிக்கு 50 சுழற்சியுள்ள அழுத்தமும் வந்து கலக்கும். 20 மில்லி விநாடி, அல்லது அதன் மடங்கான காலம் வரை சராசரி எடுக்கும் எண்காட்டிக் கருவி அதனைப் பெரிதும் நீக்கிவிடும்.

இனி ஆசிரியர்களுக்கு. பத்து மீட்டர் பொட்டென்ஷியாமீட்டர் பெரும்பாலான கல்லூரிகளில் உண்டு. அதனை 2 வோல்ட் சேமக்கலத்தோடு இணைத்தால் ஒரு மில்லி மீட்டர் 200 மைக்ரோ வோல்ட்டைக் குறிக்கும். பனிக்கட்டிக்கும் கொதிநீருக்கும் இடையே வைத்த தாமிர-கான்ஸ்டன்டன் இரட்டை 4.3 மில்லி வோல்ட் தருவதால், சமநிலைப் புள்ளி தொடக்க முனையிலிருந்து இரண்டு சென்டிமீட்டரிலேயே விழும். மாணவர் அதில் எதனைக் கற்பார்? கம்பியின் தடை 10 ஓம் என்றால், 1,990 ஓம் தடையைத் தொடரில் சேர்க்க வேண்டும். அப்போது முழுக் கம்பிக்கும் 10 மில்லி வோல்ட். ஒரு மில்லி மீட்டருக்கு 1 மைக்ரோ வோல்ட். சமநிலை நான்கு மீட்டருக்கு அப்பால் விழும். பெங்களூர் போன்ற உயர்ந்த ஊர்களில் நீர் சுமார் 97 பாகையிலேயே கொதிக்கும் என்பதையும் மறத்தலாகாது.

ஆனால் சமநிலையைக் காட்டும் கருவி அதற்கு ஈடாக வேண்டும். 100 ஓம் தடையும், ஒரு பிரிவுக்கு 25 மைக்ரோ ஆம்பியரும் உள்ள மேசைக் கால்வனாமீட்டரில் ஒரு பிரிவு 2,500 மைக்ரோ வோல்ட்டுக்குச் சமம். ஒரு மைக்ரோ வோல்ட்டை அது எவ்வாறு காணும்? அட்லாண்டிக் கடலடித் தந்திக்காக 1858-இல் கெல்வின் பிரபு ஆடி ஒட்டிய கால்வனாமீட்டரை அமைத்ததும் இத்தகைய இடர்ப்பாட்டினால்தான். ஒளிக்கதிருக்கு எடையில்லை, எவ்வளவு நீண்ட முள்ளாகவும் அதனைக் கொள்ளலாம். அவ்வகைக் கருவி பழைய சோதனைச் சாலைகளின் அலமாரிகளில் இன்னும் உறங்கிக்கொண்டிருக்கக் கூடும். இடம் மாற்றும்போது அதன் இரு முனைகளையும் தாமிரக் கம்பியால் இணைத்துவிட்டால், சுருள் அசையும்போது தோன்றும் மின்னோட்டமே அதன் ஆட்டத்தை அடக்கும். தொங்கும் இழை அறுவது குறையும்.

இல்லாதோர் ஆயிரம் மடங்கு பெருக்கும் மின்னணுப் பெருக்கியை அமைத்து, 200 மில்லி வோல்ட் அளவுள்ள சாதாரணப் பன்மானியில் அளக்கலாம். பெருக்கியைத் தெரிவு செய்வதில் ஓர் எச்சரிக்கை. 741 என்னும் பழைய சில்லு உள்ளீட்டிலேயே ஓரிரு மில்லி வோல்ட் சொந்தப் பிழை உடையது. ஆயிரம் மடங்கானால் அது ஓரிரு வோல்ட் ஆகிவிடும். தன் பிழையைத் தானே விநாடிக்குப் பன்முறை அளந்து கழித்துக்கொள்ளும் சில்லுகளில் அப்பிழை சில மைக்ரோ வோல்ட் அல்லது அதற்கும் குறைவு. விலை வேற்றுமை பெரிதன்று.

எவ்வளவு பணம் செலவிட்டாலும் தாண்ட இயலாத எல்லை ஒன்று உண்டு. 1928-இல் ஜான்சன் கண்டறிந்து நைக்விஸ்ட் விளக்கியது அது: தடையுள்ள எப்பொருளிலும் வெப்பத்தினால் மின்னணுக்கள் அலைவதால் ஓர் இரைச்சல் அழுத்தம் இருந்தே தீரும். 27 பாகை உஷ்ணநிலையில், 1 ஹெர்ட்ஸ் அலைப்பட்டையில், 100 ஓம் தடைக்கு அது 1.3 நானோ வோல்ட். 1,00,000 ஓம் தடைக்கு 41 நானோ வோல்ட். வறண்ட நிலத்து முளைகளுக்கு நானோ வோல்ட்மீட்டர் வாங்குவது வீண் செலவு என்பதற்கு இவ்வொரு கணக்கே போதும். மைக்ரோ வோல்ட்டில் சில பங்கு காட்டுவதும், உள்தடை 10 மெகோமுக்குக் குறையாததும், 50 சுழற்சியை நன்கு விலக்குவதுமான கருவியே களத்துக்கு ஏற்றது.

அக்கருவியை ஆண்டுக்கொருமுறை சரிபார்க்க அனுப்புக. முற்காலத்தில் 20 பாகையில் 1.0186 வோல்ட் தரும் வெஸ்டன் கலமே ஒப்பளவாக விளங்கியது. பாதரசமும் காட்மியமும் கொண்ட அக்கலங்களை இன்று உடைக்கவோ குப்பையில் எறியவோ கூடாது. இப்போது வோல்ட் என்பது 2019-ஆம் ஆண்டு முதல் இயற்கை மாறிலிகளுக்கு நிலையாக வகுத்த மதிப்புகளின்வழி, ஜோசப்சன் விளைவினால் மெய்யாக்கப்படுகிறது. நம் நாட்டில் இதற்குரிய ஒப்பளவைப் புது டில்லியிலுள்ள தேசியப் பௌதிகச் சோதனைச் சாலை பேணி வருகிறது. இரண்டு சரிபார்ப்புகளுக்கு இடைப்பட்ட காலத்தில், ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குமுன் கருவியின் இரு முனைகளையும் சுத்தமான தாமிரக் கம்பியால் இணைத்து, பத்து நிமிஷம் கழித்துச் சுழிப் பிழையைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளவும். மாலையிலும் அவ்வாறே செய்து, இரண்டும் வேறுபட்டிருந்தால் அன்றைய அளவீடுகளின் ஓரத்தில் அதனைக் குறித்து வைக்கவும்.