20 ஆயிரம் பாகங்கள், ஒரே எக்செல் ஷீட்: வில்லியம்ஸ் எஃப்1 அணி சரிந்தது எப்படி?

'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'ரியல் ஃபைனல்' என்று ஒரே ஃபைலை நாலு பெயரில் சேமித்துவிட்டு, எதில் சரியான கணக்கு இருக்கிறது என்று ஆபீஸில் தேடியிருக்கிறீர்களா? அப்படியென்றால் ஜேம்ஸ் வவுல்ஸின் வேதனை உங்களுக்குச் சட்டென்று புரியும்.

வவுல்ஸ், மெர்சிடிஸ் அணி தொடர்ந்து பட்டங்களை அள்ளிய காலத்தில் அங்கே ரேஸ் வியூகம் வகுத்தவர். 2023 பிப்ரவரியில் வில்லியம்ஸ் அணியின் தலைவராகப் பொறுப்பேற்றார். உள்ளே போய்ப் பார்த்தால், ஒரு ஃபார்முலா 1 காருக்கான சுமார் 20 ஆயிரம் பாகங்களின் பட்டியல் எக்செல் ஷீட்டில் இருந்தது. எந்தப் பாகத்துக்கு என்ன செலவு, செய்து முடிக்க எத்தனை நாள், இப்போது தொழிற்சாலையில் எந்த மூலையில் இருக்கிறது என்பதெல்லாம் அதில் இல்லை. சில பாகங்களை ஆட்கள் நேரில் போய்த் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

இதன் விலை 2024 மார்ச்சில் மெல்போர்னில் தெரிந்தது. முதல் பயிற்சியிலேயே அலெக்ஸ் ஆல்பன் காரைச் சுவரில் மோதினார். சேஸி, அதாவது காரின் அடிப்படைக் கூடு, அங்கேயே சரிசெய்ய முடியாத அளவுக்குச் சேதம். மாற்றுச் சேஸி? கொண்டுவரவில்லை. கொண்டுவராததற்குக் காரணம், அப்படி ஒன்று இன்னும் செய்து முடிக்கப்படவே இல்லை. கடைசியில், எந்தத் தப்பும் செய்யாத இன்னொரு டிரைவர் லோகன் சார்ஜன்ட்டை உட்காரவைத்துவிட்டு, அவருடைய காரை ஆல்பனுக்குக் கொடுத்தார்கள். ஆல்பன் 11-வதாக வந்தார். பாயின்ட் கிடைப்பது முதல் 10 பேருக்குத்தான்.

நெட்ஃபிளிக்ஸ் தொடரைப் பார்த்துவிட்டு எஃப்1 பக்கம் வந்தவர்களுக்கு (நானும் அந்தக் கோஷ்டிதான்) வில்லியம்ஸ் என்றாலே கடைசி வரிசை அணி. ஆனால், இதே அணி வென்ற ரேஸ்கள் 114. அணிகளுக்கான கன்ஸ்ட்ரக்டர்ஸ் பட்டம் 9, டிரைவர் பட்டம் 7. இவ்வளவு பெரிய அணி ஸ்பேர் சேஸி இல்லாத நிலைக்கு எப்படி வந்தது?

கார்ப்பெட் கிடங்கில் தொடங்கிய கதை

1977-ல் ஃபிராங்க் வில்லியம்ஸ், பேட்ரிக் ஹெட் என்ற பொறியாளருடன் சேர்ந்து இங்கிலாந்தின் டிட்காட்டில் அணியைத் தொடங்கினார். இடம், ஒரு பழைய கார்ப்பெட் கிடங்கு. இரண்டே ஆண்டில், 1979 சில்வர்ஸ்டோனில் கிளே ரெகஸோனி முதல் வெற்றியைக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டே ஆலன் ஜோன்ஸ் உலக சாம்பியன்.

பணம் திரட்டுவதும் பேரம் பேசுவதும் ஃபிராங்க் வேலை. கார் ஹெட் வேலை. முடிவெடுக்க மூன்றாவது ஆள் தேவைப்படவில்லை. 1986 மார்ச்சில் பிரான்ஸில் காரோட்டிச் சென்றபோது நடந்த விபத்தில் ஃபிராங்க்கின் கழுத்தெலும்பு முறிந்தது. அப்போது அவருக்கு வயது 43. அதன்பிறகு வாழ்நாள் முழுக்கச் சக்கர நாற்காலிதான். அந்த ஆண்டும் கன்ஸ்ட்ரக்டர்ஸ் பட்டம் வில்லியம்ஸுக்கே வந்தது. மனுஷனின் பிடிவாதத்தை இதைவிட எப்படிச் சொல்வது?

1992-ல் அந்த ஆதிக்கம் உச்சம் தொட்டது. ஏட்ரியன் நியூவி வடிவமைத்த எஃப்டபிள்யூ 14பி காரில் 'ஆக்டிவ் சஸ்பென்ஷன்' இருந்தது. திருப்பமோ மேடுபள்ளமோ, கார் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டரே ஹைட்ராலிக் மூலம் சரிசெய்துவிடும். நைஜல் மேன்செல் சீசனின் முதல் ஐந்து ரேஸையும் வென்றார்.

ஆனால் சாம்பியன் ஆன மேன்செல் அடுத்த ஆண்டு அணியில் இல்லை. 1987-ல் சாம்பியனான நெல்சன் பிக்கே அந்த ஆண்டோடு கிளம்பினார். 1996-ல் டேமன் ஹில் பட்டம் வெல்லும் முன்பே அவருக்கு இடமில்லை என்று முடிவாகிவிட்டது. டிரைவர் என்பவர் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஆள், அவ்வளவுதான் என்பது ஃபிராங்க், ஹெட் இருவரின் பார்வை. கார் நன்றாக இருக்கும்வரை அது செல்லுபடியானது.

'பங்கு கிடையாது'

சிக்கல், காரைச் செய்பவரே கிளம்பியபோதுதான் ஆரம்பித்தது. நியூவி கேட்டது இரண்டு: அணியில் ஒரு பங்கு, முக்கிய முடிவுகளில் கலந்தாலோசனை. டெக்னிக்கல் டைரக்டர் நாற்காலியில் ஹெட் இருந்தார், அவர் உரிமையாளரும்கூட. மேலே போக வழியில்லை. ஹில்லை அனுப்பும் முடிவும் தன்னைக் கேட்காமலே எடுக்கப்பட்டது என்ற கோபம் வேறு. 1996 முடிவில் வெளியேறிய நியூவி மெக்லாரனில் சேர்ந்தார். அவர் விட்டுப்போன காரில் 1997-ல் வில்லியம்ஸ் இரண்டு பட்டங்களையும் வென்றது. 1998-ல் இரண்டும் மெக்லாரனுக்குப் போயின. 1997-க்குப் பிறகு இன்றுவரை வில்லியம்ஸுக்கு எந்தப் பட்டமும் இல்லை.

வீழ்ச்சி தொடங்கிய இடம் எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். 2018-ஐச் சொல்பவர்கள் கடைசி அத்தியாயத்திலிருந்து படிக்கிறார்கள்.

அடுத்து பிஎம்டபிள்யூ. 2000 முதல் 2005 வரை வில்லியம்ஸுக்கு இன்ஜின் தந்த நிறுவனம் அது. 2003-ல் பட்டம் கைக்கு எட்டும் தூரம்வரை வந்து, கன்ஸ்ட்ரக்டர்ஸில் இரண்டாமிடத்தோடு நின்றது. அணியையே வாங்கிக்கொள்ள பிஎம்டபிள்யூ தயாராக இருந்தது, ஃபிராங்க் சம்மதிக்கவில்லை. அது சாபர் அணியை வாங்கிக்கொண்டு போய்விட்டது. கார் கம்பெனிகள் கோடிகளைக் கொட்டிய காலத்தில், வில்லியம்ஸ் இன்ஜினைத் தேடி ஆண்டுக்கு ஓர் இடமாக அலைந்தது. 2006-ல் காஸ்வொர்த், 2007-ல் டொயோட்டா. நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் அங்கே டெஸ்ட் டிரைவராக இருந்தது இந்த இரண்டு ஆண்டுகளில்தான்.

மூன்றாவது ஆள் டோட்டோ வுல்ஃப். 2009-ல் வில்லியம்ஸில் பங்கு வாங்கி, 2012-ல் நிர்வாகத்துக்குள் வந்தவர். அந்த ஆண்டு ஸ்பெயினில் பாஸ்டர் மால்டொனாடோ ரேஸை வென்றார். வில்லியம்ஸின் கடைசி வெற்றி இன்றுவரை அதுதான். 2013 ஜனவரியில் மெர்சிடிஸ் அழைத்தது: அணித் தலைமையோடு 30 சதவீதப் பங்கு. வுல்ஃப் கிளம்பிவிட்டார். 2014 முதல் 2021 வரை மெர்சிடிஸ் தொடர்ந்து எட்டு கன்ஸ்ட்ரக்டர்ஸ் பட்டம் வென்ற கதை உங்களுக்கே தெரியும்.

மகள் கையில் பொறுப்பு

2013 மார்ச்சில் ஃபிராங்க்கின் மகள் கிளேர் 'டெபுடி டீம் பிரின்சிபல்' ஆனார். அணியின் செய்தித் தொடர்புப் பிரிவில் வேலை பார்த்து மேலே வந்தவர். அன்றாட நிர்வாகம் அவரிடம், 'டீம் பிரின்சிபல்' பட்டம் மட்டும் கடைசிவரை அப்பாவிடம். பொறுப்பு தனக்கு வராததில் அண்ணன் ஜொனாதனுக்கு இருந்த வருத்தத்தை 2017-ல் வந்த ஆவணப்படம் ஒளிக்காமல் காட்டியது.

கிளேரைக் குறை சொல்வது ரொம்ப ஈஸி. ஆனால், 2014, 2015-ல் அணி மூன்றாமிடம் பிடித்தது அவர் தலைமையில்தான். மெர்சிடிஸ் இன்ஜின் அப்போது மற்ற எல்லாவற்றையும்விட வெகுதூரம் முன்னால் இருந்தது. அந்த இன்ஜின் பல குறைகளை மறைத்தது என்பதே என் கணிப்பு. மற்ற அணிகள் இன்ஜினில் நெருங்கி வந்ததும் வில்லியம்ஸ் இறங்கத் தொடங்கியது.

2017-ல் மெர்சிடிஸிலிருந்து பேடி லோவை டெக்னிக்கல் பொறுப்புக்குக் கொண்டுவந்தார்கள். இந்தமுறை பங்கும் கொடுத்தார்கள். நியூவிக்கு மறுத்தது 20 ஆண்டுகள் கழித்து லோவுக்குக் கிடைத்தது! பலன்தான் வேறு. 2018-ல் கடைசி இடம், மொத்தம் 7 பாயின்ட். 2019 பிப்ரவரியில் பார்சிலோனா சோதனை ஓட்டத்துக்கு எல்லா அணிகளும் வந்துவிட, வில்லியம்ஸ் கார் மட்டும் தயாராகவில்லை. முதல் இரண்டரை நாள் காலியான கராஜ்தான். சீசன் தொடங்கும் முன்பே லோவ் விடுப்பில் போனார், திரும்பி வரவே இல்லை. அந்த ஆண்டு 1 பாயின்ட். 2020-ல் அதுவும் இல்லை, பூஜ்யம்.

கொரோனா ரேஸ்களை நிறுத்தியபோது டைட்டில் ஸ்பான்சரும் போனார். 2020 ஆகஸ்ட்டில் அமெரிக்க முதலீட்டு நிறுவனம் டோரில்டன் கேபிட்டல் 15.2 கோடி யூரோவுக்கு அணியை வாங்கியது. செப்டம்பர் 6 மோன்சா ரேஸோடு குடும்பம் விடைபெற்றது. ஃபிராங்க் 2021 நவம்பரில் காலமானார்.

பணம் வந்தது, கூடவே வரம்பும்

புது முதலாளியிடம் காசு இருக்கு. அப்புறம் என்ன? 2021-ல் எஃப்1-ல் செலவு வரம்பு வந்துவிட்டது. எந்திரங்கள், மென்பொருள், கட்டடம் போன்ற மூலதனச் செலவுக்கும் தனி உச்சவரம்பு. பெரிய அணிகள் இதையெல்லாம் முன்பே வாங்கி வைத்துவிட்டன. செலவழிக்க அனுமதி இருந்த காலத்தில் வில்லியம்ஸிடம் பணமில்லை. பணம் வந்தபோது அனுமதி இல்லை. பின்தங்கிய அணிகளுக்கு இந்த விதி பிறகு தளர்த்தப்பட்டது, அதற்கு வலுவாகக் குரல் கொடுத்தவர்களில் வவுல்ஸும் ஒருவர்.

தலைமையும் நிலைக்கவில்லை. சைமன் ராபர்ட்ஸ் 2021 நடுவில் போனார். அடுத்து வந்த யோஸ்ட் கபிட்டோ 2022 டிசம்பரில் போனார். அப்புறம்தான் வவுல்ஸ், அந்த எக்செல் ஷீட்.

அவர் எடுத்த முடிவு, வலித்தாலும் பரவாயில்லை, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றுவது. பட்டியலை மாற்றிக்கொண்டே புதுக் காரையும் செய்ததன் வலிதான் மெல்போர்னில் நாம் பார்த்தது. 2025-ல் ஃபெராரியிலிருந்து கார்லோஸ் சைன்ஸ் வந்தார். பாகுவில் மூன்றாமிடம், கத்தாரில் இன்னொரு மூன்றாமிடம். சீசன் முடிவில் அணிக்கு ஐந்தாமிடம். வெற்றி மட்டும் இன்னும் வரவில்லை.

சைன்ஸ் ஓட்டிய காரின் பெயர் எஃப்டபிள்யூ 47. குடும்பம் போனபிறகும் டோரில்டன் அந்த இரண்டு எழுத்தை மாற்றவில்லை. அது ஃபிராங்க் வில்லியம்ஸின் இனிஷியல்.