கூத்து முடிந்த பின்

இரவெல்லாம் முழங்கிய மத்தளம் ஓய்ந்துவிட்டது. கரடியனாற்றின் வட்டக்களரியில் மிதிபட்ட மண் மட்டுமே எஞ்சிக் கிடக்கின்றது. அருச்சுனனாக நின்று வில்லெடுத்தவர் முகப்பூச்சைக் கழுவிவிட்டு மாடு அவிழ்க்கப் போய்விட்டார். பதுளை வீதியில், செங்கலடிக்குச் செல்லும் பஸ்ஸை எதிர்பார்த்து நிற்கும் என் செவியிலோ தாளக்கட்டு இன்னும் அடங்கவில்லை.

வடமோடிக் கூத்து விடியும்வரை ஆடப்படுவது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் அம்மரபைச் சுருக்கி நகர மேடைக்கு ஏற்றினார். கற்றோர் கண் அதன்மேல் திரும்பிற்று. அது பெரும் பணியே. ஆயினும் களரியிலே காலம் வேறு விதமாக ஓடுகின்றது. ஒரு வீரனின் வரவு ஆடி முடியவே நெடுநேரம் செல்கின்றது. இடையிலே குழந்தை உறங்குகின்றது. கிழவர் வெற்றிலை இடிக்கின்றார். கடிகாரத்தைப் பார்த்தவன் நான் ஒருவனே.

கூத்துத் தொடங்குமுன் அண்ணாவியாரிடம் கூத்துக் கொப்பியைக் காட்டும்படி கேட்டேன். 1990இல் ஊர்விட்டு ஓடியபோது அது போய்விட்டதாம். பின் எப்படி ஆடுகின்றீர்கள் என்றேன். "சும்மா கேட்டா எனக்கு ஒரு வரியும் வராது மனே. மத்தளத்தைத் தட்டினா, மறுகா பாட்டுத் தானா வரும்" என்றார்.

அவ்வாறே, பழைய ஆட்டக்காரரைக் கூட்டிவைத்து, தட்டித் தட்டியே கூத்தை மீட்டார்கள். ஒரே ஒரு தரு மட்டும் எவர் நினைவிலும் எழவில்லை. நேற்று அவ்விடம் வந்தபோது பிற்பாட்டுக்காரர் வாய்மூடி நின்றனர். மத்தளம் தனித்து முழங்கியது. புதிதாக ஒன்றைக் கட்டிச் சேர்க்கலாகாதா என்று விடியலில் வினவினேன். "தெரிஞ்ச ஆரும் ஒருநாள் வந்து பாடுவாங்க. அதுக்கு இடம் விட்டு வைக்கவேணும்" என்றார் அவர்.

காரைதீவிலே 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகளை அப்போது நினைத்துக்கொண்டேன். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை ஆதாரமாகக் கொண்டு, மறைந்த யாழை அவர் பல்லாண்டு ஆராய்ந்தார். 1947இல் 'யாழ் நூல்' வெளிவந்தது. அங்கே சொல் நூலில் நின்றது. மீட்டிய கைகளின் தொடர்ச்சி அறுந்துபோயிற்று. இங்கே கை இருக்கின்றது, சொல் போயிற்று. நினைவு என்பது நெஞ்சில் பூட்டிவைத்த பெட்டகம் என்றே இதுகாறும் எண்ணியிருந்தேன். அது காலிலும் கையிலும் குடியிருப்பது. ஆடாத ஊரில் அது தங்குவதில்லை.

பஸ் வந்தது. வீதியோரத்தில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன், நேற்றிரவு மத்தளம் தனித்து முழங்கிய அதே தாளத்தை மிதித்துக்கொண்டிருந்தான். அதற்கொரு பாட்டு இருந்தது என்பதை அவன் அறியான். அவன் கால் பிசகவில்லை.