ஏரிக்குள் பஸ் ஸ்டாண்டு, பேட்டைக்கு அடியில் ரயில்

பஸ்ஸில் போகும் பழைய ஊர்கள் – 9

சென்ற வாரம் சீனத்து ஷியான் நகரின் மதிலைச் சுற்றி வந்தோம். மிங் அரசர்கள் காலத்து மதில், பதின்மூன்று கிலோமீட்டருக்கும் மேல் நீளம், இன்னும் முழுசாக நிற்கிறது. பழைய ஊர் எங்கே முடிகிறது, புது ஊர் எங்கே தொடங்குகிறது என்று அங்கே யாரையும் கேட்க வேண்டியதில்லை. மெட்ரோவின் 2-ஆம் பாதையில் ஏறினால் தெற்கு வாசலுக்கு ஒரு ஸ்டேஷன், ஊர் நடுவிலுள்ள மணி கோபுரத்துக்கு ஒரு ஸ்டேஷன். சீன எழுத்து தெரியாதவர்களும் தடுமாறாமல் இறங்கட்டும் என்று ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் ஒரு சின்னப் படம் வேறு வரைந்து வைத்திருக்கிறார்கள். அந்த மெட்ரோ ஓடத் தொடங்கியது 2011 செப்டம்பரில். அடுத்த மாதமே, அக்டோபர் 20 அன்று, பெங்களூரில் பையப்பனஹள்ளிக்கும் எம்.ஜி. ரோடுக்கும் இடையே ‘நம்ம மெட்ரோ’ ஓடியது. இரண்டு ரயிலுக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. ஒன்று மதில் இருக்கிற ஊரில் ஓடுகிறது, மற்றது மதிலைத் தொலைத்த ஊரில்.

பெங்களூருக்கும் மதில் இருந்தது. 1537-இல் கெம்பேகவுடா மண்கோட்டை எழுப்பி, அதை ஒட்டிப் பேட்டையை உண்டாக்கினார். கோட்டையை 1761-இல் ஹைதர் அலி கல்லால் கட்டினார். அதில் இன்றைக்கு ஒரு வாசலும் கொஞ்சம் சுவரும்தான் மிச்சம். பேட்டையின் மதிலோ அகழியோ கண்ணில் படுவதில்லை. ஐ.டி. கம்பெனிக்கு வந்து பத்து வருஷம் ஆனவர்களில்கூடப் பலர் சிக்பேட்டையைக் கல்யாணப் பட்டு எடுக்கிற இடமாக மட்டுமே அறிவார்கள். இப்படிப்பட்ட ஊரைப் பார்க்கக் கூட ஒரு ஆள் வேண்டும்.

எனக்குக் கிடைத்த கைடு அல்சூர்க்காரர். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், வெளிநாட்டாரிடம் இங்கிலீஷ், மார்க்கெட்டில் தக்னி. கார் கூடாது என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார். “கார் வெச்சா டிரைவருக்கு ஒரு கடை, எனக்கு ஒரு கடைன்னு நிறுத்தணும் சார். பட்டுக் கடைல ஒரு மணி நேரம், சந்தனக்கட்டை கடைல ஒரு மணி நேரம். அப்புறம் ஊரை எப்போ பாக்குறது?” இந்தத் தொழிலின் உள்விவகாரம் இவ்வளவுதான். சுற்றுலா ஊர் எதுவானாலும் கைடின் கூலி குறைவாகவும் கமிஷன் கூடுதலாகவும் இருக்கிற வரை, வண்டி கோயில் வாசலைவிடக் கடை வாசலில்தான் அதிக நேரம் நிற்கும். பஸ்ஸில் போகிற கைடுக்கு அந்தச் சபலம் இல்லை, கூலியைப் பேசி முழுசாகக் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவே.

பி.எம்.டி.சி.யே ‘பெங்களூரு தர்ஷினி’ என்று ஒரு பஸ் விடுகிறது. மெஜஸ்டிக்கில் ஏறினால் விதானசவுதா, திப்பு அரண்மனை, பசவனகுடி நந்தி என்று ஒரு நாளில் சுற்றிக் காட்டி இறக்கிவிடுவார்கள். வயதான அப்பா அம்மாவோடு வருகிறவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். ஆனால் அந்த பஸ் பேட்டைக்குள் நுழையாது, நுழையவும் முடியாது. பொதி மாட்டுக்கும் தலைச்சுமைக்கும் அளந்து விட்ட சந்துகள் அவை. கார் வைத்திருப்பவரும் கடைசியில் இறங்கி நடக்கத்தான் வேண்டும், பார்க்கிங் தேடி அலைந்த பிறகு. பேட்டைக்குப் போகச் சரியான வண்டி தரைக்கடியில் ஓடுகிற பச்சைப் பாதை ரயில்தான். 2017 ஜூனில் அந்தச் சுரங்கப் பகுதி திறந்ததிலிருந்து சிக்பேட்டைக்கு ஒரு ஸ்டேஷன், கே.ஆர். மார்க்கெட்டுக்கு ஒரு ஸ்டேஷன்.

காலையில் மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் சந்தித்தோம். நான் ஸ்டேஷனுக்குள் இறங்கப் போனேன். அவர் பிளாட்பாரத்திலேயே நிறுத்தினார். “இப்ப நாம ஏரிக்குள்ள நிக்கறோம் சார்.” நிஜம்தான். கெம்பேகவுடா காலத்து தர்மாம்புதி ஏரி இங்கேதான் இருந்தது. 1890-களில் ஹெசரகட்டாவிலிருந்து குழாயில் தண்ணீர் வந்தது. குழாய் வந்த வீட்டில் யாருக்கு ஏரி ஞாபகம் இருக்கும்? ஏரி வற்றியது, வற்றிய இடத்தில் பஸ் ஸ்டாண்டு வந்தது. சம்பங்கி ஏரி கண்டீரவா ஸ்டேடியம் ஆன கதையும் இதுவே. ஊரின் ஏரிகளெல்லாம் எப்படி மனை ஆயின என்பதைச் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடையாது. சொன்னவர் தொண்டையைக் கிழித்துக்கொண்டுதான் சொல்ல வேண்டியிருந்தது, பக்கத்திலேயே “மார்க்கெட், மார்க்கெட், மார்க்கெட்” என்று ஒரு கண்டக்டர்.

ஒரே ஒரு ஸ்டேஷன்தான், சிக்பேட்டை. பையை ஸ்கேனரில் போட்டு எடுக்கிற நேரம்கூட ஆகாது ரயில் பயணம். மேலே ஏறி வந்தால் ஷட்டர் தூக்குகிற சத்தம், கைவண்டி, பட்டுப் புடவை போர்டுகள். அரிசிக்கு அக்கிபேட்டை, எண்ணெய்ச் செக்குக்கு காணிகரபேட்டை, குயவருக்கு கும்பாரபேட்டை என்று தொழிலுக்கு ஒரு தெருவாகப் பிரித்து உட்கார்த்திய ஊர். தொழில் மாறிய தெருக்கள் உண்டு. பளேபேட்டையில் இன்று வீணையும் மிருதங்கமும் தொங்குகின்றன.

தொட்டபேட்டை நாற்சந்தியில், அதாவது இப்போதைய அவென்யூ ரோடில், கைடு எல்லாரும் சொல்கிற கதையைச் சொன்னார். கெம்பேகவுடா இங்கே நான்கு ஜோடி மாடுகளை ஏரில் பூட்டி நான்கு திசைக்கும் ஓட்டினாராம். மாடு நின்ற இடங்களில் அல்சூர் வாசல், எலஹங்கா வாசல், ஆனேக்கல் வாசல், சொண்டேகொப்பா வாசல். கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் பாடு. ஆனால் அந்த இடத்தில் நின்று பார்த்தால் தெருக்கள் திசை பார்த்து ஓடுவது தெரிகிறது. வாசல் போன பிறகும் பெயர் போகவில்லை. கார்ப்பரேஷன் பக்கத்தில் ‘அல்சூர் கேட் போலீஸ் ஸ்டேஷன்’ இருக்கிறது. அங்கிருந்து அல்சூர் சில கிலோமீட்டர் தள்ளி. புகார் கொடுக்கப் போகிறவர்கள் மாற்றிப் போய்விடக் கூடாதே என்று எனக்குக் கவலை.

இதே ஊர் சில காலம் மராட்டியர் கையில் இருந்ததைத் தஞ்சாவூர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1638-இல் பீஜப்பூர்ப் படை பெங்களூரைப் பிடித்தது. அதை ஜாகீராகப் பெற்றவர் சிவாஜியின் தந்தை ஷாஜி. அவருடைய இன்னொரு மகன் ஏகோஜி இங்கிருந்து போய்த்தான் 1670-களில் தஞ்சையில் மராட்டிய ஆட்சியைத் தொடங்கினார். சரஸ்வதி மகாலுக்கும் சரபோஜிக்கும் போகிற வழி இந்த ஊர் வழியாகத்தான் போயிருக்கிறது. 1687-இல் மொகலாயத் தளபதி காசிம் கான் ஊரைப் பிடித்து, மூன்று லட்சம் ரூபாய்க்கு மைசூர் சிக்கதேவராஜ உடையாரிடம் விற்றுவிட்டார். சிக்பேட்டையில் இன்று அந்தத் தொகைக்கு நல்ல முகூர்த்தப் பட்டு பத்துப் பதினைந்து எடுக்கலாம்.

அவென்யூ ரோடில் பழைய பாடப்புத்தகக் கடைகளுக்கு நடுவே ரைஸ் மெமோரியல் சர்ச். பெஞ்சமின் ரைஸ் என்கிற பாதிரியார் பெயரில் கட்டியது. அவருடைய மகன் பெங்களூரிலேயே 1837-இல் பிறந்த லூயிஸ் ரைஸ், மைசூர் ராஜ்யம் முழுக்கக் கல்வெட்டுகளைப் படியெடுத்து ‘எபிகிராபியா கர்னாடிகா’ தொகுதிகளாக வெளியிட்டவர். “இவரை ஞாபகம் வெச்சுக்கோங்க, சாயந்திரம் வேணும்” என்றார் கைடு. நல்ல கைடுக்கு இது ஒரு லட்சணம். கொட்டித் தீர்க்க மாட்டார்.

திகளரபேட்டை தர்மராயர் கோயிலில் கொஞ்சம் அதிக நேரம் உட்கார்ந்தோம். செஞ்சிப் பக்கம், வட ஆற்காடு பக்கம் போனால் ஊருக்கு ஊர் திரௌபதை அம்மன் கோயில் உண்டு. தீமிதி, பாரதக் கூத்து, அர்ச்சுனன் தபசு எல்லாம் நமக்குத் தெரியும். அந்த வழிபாட்டின் பெங்களூர்க் கிளைதான் இந்தக் கோயிலின் கரகம். கரகம் தூக்குவது திகளர் சமூகத்தார். தோட்ட வேலையில் பேர் எடுத்தவர்கள், வன்னிகுல க்ஷத்ரியர் என்று சொல்லிக்கொள்கிறவர்கள், தமிழ் நாட்டோடு வேர் உள்ளவர்கள். சித்ரா பௌர்ணமி இரவில் ஒரு ஆண் திரௌபதியாகச் சேலை கட்டி, வளையல் அணிந்து, மல்லிகை மூடிய கரகத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு புறப்படுவார். சுற்றிலும் உருவிய கத்தியோடு வீரகுமாரர்கள். பேட்டைத் தெருக்களையெல்லாம் சுற்றி, காட்டன்பேட்டையில் தவக்கல் மஸ்தான் தர்காவுக்கும் போய்விட்டு வரும். பகலில் கோயில் சாதாரணமாக இருக்கிறது. தெருவின் அகலத்தைப் பார்த்து, இதற்குள் அவ்வளவு கூட்டமும் கத்தியும் எப்படிப் போகும் என்று கேட்டேன். “கூட்டம் போகாது சார், தள்ளிக்கிட்டுப் போகும்.”

ஒன் பை டூ காபி குடித்துவிட்டு மார்க்கெட் பக்கம் நடந்தோம். சாமந்தி மூட்டைகளுக்கு ஊடே நகர்ந்து கே.ஆர். மார்க்கெட்டின் 1928-ஆம் வருஷக் கட்டடத்தைத் தாண்டினால் கோட்டையில் மிச்சமிருக்கும் அந்த வாசல், தில்லி கேட். உள்ளே ஒரு பிள்ளையார், வெளியே பஸ் புகை. ஆளுயரத்தை மிஞ்சிய மரக்கதவில் யானை முட்டாமல் இருக்க இரும்பு முனைகள், சுவரில் செதுக்கிய தாமரை. மூன்றாம் மைசூர்ப் போரில் காரன்வாலிஸின் படை 1791 மார்ச் 7-இல் பேட்டையையும், 21-ஆம் தேதி இரவு சுவரைப் பிளந்து கோட்டையையும் பிடித்தது. பிளந்த இடத்தைச் சொல்லும் கல்வெட்டுப் பலகை இன்னும் இருக்கிறது. கோட்டையின் மீதி இடத்தில் ஆஸ்பத்திரியும் பள்ளியும் மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டன. 2012-இல் மெட்ரோவுக்காக இங்கே தோண்டியபோது மண்ணுக்குள்ளிருந்து பழைய பீரங்கிகள் வந்தன. ஸ்டேஷன் கட்டப் போய் கோட்டையைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

திப்புவின் கோடை அரண்மனை இரண்டு நிமிஷ நடை. 1781-இல் ஹைதர் தொடங்கி 1791-இல் திப்பு முடித்தார், அதாவது கோட்டை விழுந்த அதே வருஷம். முழுக்கத் தேக்கு. தூண்களின் நிறம் தேய்ந்து மரத்தின் ரேகை தெரிகிறது, மாடத்தில் மட்டும் பழைய பூவேலை ஒட்டிக்கொண்டிருக்கிறது. திப்பு இறந்த பிறகு இதையே ஆபீஸாக வைத்து, 1868 வரை அரசாங்கக் காரியாலயம் நடத்தினார்கள். சொர்க்கமே பொறாமைப்படும் மாளிகை என்று எழுதி வைத்த இடத்தில் குமாஸ்தாக்கள் பைல் கட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஒட்டினாற்போல் கோட்டை வெங்கடரமணர் கோயில், சிக்கதேவராஜர் காலத்தது. இதை நான் வேகமாகத் தாண்டுகிறேன், எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது.

மத்தியானத்துக்கு மேல் மெஜஸ்டிக் திரும்பி 335ஈ பிடித்தோம். காடுகோடி போகிற பஸ், ஐ.டி. வேலைக்காரர்களின் உயிர்நாடி. ஆர்டினரி பஸ்ஸுக்கு 80 ரூபாயில் ஒரு நாள் பாஸ் உண்டு. தனித்தனி டிக்கெட் எடுக்கிறவர்கள் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கண்டக்டர் டிக்கெட்டின் முதுகில் பாக்கியைக் கிறுக்கிக் கொடுப்பார், இறங்கும்போது கேட்டு வாங்க வேண்டியது நம் பொறுப்பு. கர்நாடகப் பெண்களுக்கு 2023 ஜூனிலிருந்து ‘சக்தி’ திட்டத்தில் இலவசம். நம் ஊர்ப் பெண்கள் டிக்கெட் எடுத்துவிட வேண்டியதுதான். போர்டில் கன்னடம் பெரிதாக இருக்கும், நம்பரை மட்டும் பார்த்து ஏறுங்கள்.

டொம்லூரில் இறங்கி உள்ளே நடந்தால் சொக்கநாதசுவாமி கோயில். மதுரைக்காரர்கள் சிவலிங்கம் தேடக் கூடாது, இங்கே சொக்கன் பெருமாள். கல்லில் இருப்பது தமிழ். புள்ளி போடாத எழுத்து என்பதால் நம்மால் கடகடவென்று வாசிக்க முடியாது, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்ட வேண்டும். 1270-இல் அழகியார் என்பவர் கோயிலுக்கு இரண்டு நிலைக்கால்கள் கொடுத்த சேதியை ஒரு கல்வெட்டு சொல்கிறது. ஊருக்கு அன்றைய பெயர்கள் தொம்பலூர், தேசிமாணிக்கப்பட்டணம். பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகளைத் திரட்டியவர் காலையில் பார்த்த சர்ச்சின் லூயிஸ் ரைஸ். கைடு சொன்ன ‘சாயந்திரம்’ இதுதான்.

இங்கே தமிழ் எப்படி வந்தது என்பதில் மர்மம் எதுவும் இல்லை. ஹொய்சள சோமேஸ்வரனுக்குப் பின் ராஜ்யம் இரண்டாகப் பிரிந்தபோது ஹளேபீடு பக்கம் நரசிம்மனுக்குப் போயிற்று. தமிழ்ப் பகுதியும் இந்தச் சுற்றுவட்டாரமும் ராமநாதனுக்கு. அவன் ஆண்டது சமயபுரத்தை ஒட்டிய கண்ணனூரிலிருந்து, பிறகு குந்தாணியிலிருந்து. கன்னட வம்சத்து அரசன் தமிழில் சாசனம் வெட்டினான். அதை இந்த ஊரில் பிறந்த வெள்ளைக்காரர் தேடி எடுத்து அச்சில் ஏற்றினார். இதை வைத்து யாருடைய ஊர் என்று சண்டை போடுகிறவர்களுக்கு இரண்டு பக்கமும் ஆதாரம் கிடைக்கும். அல்சூர் கைடு அந்தப் பேச்சை எடுத்தாலே பஸ் வந்துவிட்டது என்பார்.

கரகம் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு விஷயம். இந்தத் தொடரிலேயே பொதுப் போக்குவரத்து காலை வாருகிற ஒரே இடம் அதுதான். கரகம் கோயிலை விட்டுக் கிளம்புவது நள்ளிரவுக்குப் பிறகு, மெட்ரோ அதற்கு முன்பே படுத்துவிடும். பௌர்ணமிக்கு ஒரு மாதம் முன்பாகவே சிக்பேட்டையில் நடக்கும் தூரத்தில் ஒரு லாட்ஜ் பிடித்துவிடுங்கள், சாயந்திரமே நன்றாகத் தூங்கி எழுந்துகொள்ளுங்கள். காலையில் முதல் ரயிலில் திரும்பலாம்.